டார்க்கைக் கூட்டியாச்சு, கிளட்ச் தாங்குமா?

ஐந்தாவது கியரில் கார் 70-ல் போய்க்கொண்டிருக்கிறது. முன்னே ஏற்றம். ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக மிதித்தால் ஆர்பிஎம் முள் 2,000-லிருந்து 2,600-க்குத் தாவுகிறது. ஸ்பீடோமீட்டர் முள் அசையவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கருகல் வாசனை. ரீமேப் செய்த, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டரின் மென்பொருளை மாற்றி டார்க்கை (முறுக்கு விசையை) கூட்டிய டீசல் காரில் இப்படி நடந்தால் மெக்கானிக் அதிகம் யோசிக்க மாட்டார்: "கிளட்ச் ஸ்லிப் ஆவுது சார்."

அடுத்த வேலை, ‘ஸ்டேஜ் 2’, ‘ஸ்டேஜ் 3’ என்று விற்கும் கிளட்ச்களைத் தேடுவது. அந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஸ்டேஜ் 2, இன்னொரு நிறுவனத்தில் ஸ்டேஜ் 3-ஆக இருக்கலாம். குதிரைத்திறனைப் பார்த்து வாங்குவதும் வீண். 1997-ல் ஜப்பானில் வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர் 185 குதிரைத்திறன் கொண்டது. டார்க் வெறும் 160 நியூட்டன் மீட்டர்தான். 2014-ல் இந்தியாவில் விற்ற போலோ ஜிடி டிடிஐ டீசலுக்கு 105 குதிரைத்திறன், ஆனால் 250 நியூட்டன் மீட்டர் டார்க். பெரிய கிளட்ச் தேவைப்படுவது இரண்டாவது காருக்குத்தான். எஞ்சின் எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதல்ல, ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு முறுக்குகிறது என்பதுதான் பிடிமானத்தைச் சோதிக்கிறது.

அந்தப் பிடிமானம் நான்கு எண்களின் பெருக்கல். கிளட்ச் பிளேட்டை எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தோடு சேர்த்து பிரஷர் பிளேட் அழுத்தும் விசை, உராய்வுக் குணகம், உராயும் வளையத்தின் சராசரி ஆரம், உராயும் முகங்களின் எண்ணிக்கை. கணக்குக்காக ஒரு கிளட்ச் பிளேட்டை எடுத்துக்கொள்வோம்: வெளிவிட்டம் 228 மிமீ, உள்விட்டம் 150 மிமீ. சராசரி ஆரம் 94.5 மிமீ. அழுத்தம் 6,000 நியூட்டன், குணகம் 0.3, முகங்கள் இரண்டு. பெருக்கினால் சுமார் 340 நியூட்டன் மீட்டர். 250 கொடுக்கும் எஞ்சினுக்கு இது தாராளம். ரீமேப்பில் எஞ்சின் 320-ஐத் தொட்டால் கையில் மிஞ்சுவது 20 மட்டுமே. டிராஃபிக்கில் ஆஃப் கிளட்ச்சில் உருட்டிச் சூடாகி, குணகம் 0.22-க்கு இறங்கிவிட்டால் இதே கிளட்ச் 250-ஐக்கூடத் தாங்காது.

முதல் இரண்டு கியரில் ஓட்டிப் பார்த்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று சொல்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். கீழ் கியரில் எஞ்சின் சட்டென்று வேகமெடுக்கிறது. டார்க்கில் ஒரு பங்கு, கிளட்ச்சுக்கு முன்னால் இருக்கும் ஃப்ளைவீலைச் சுழற்றவே போய்விடுகிறது. டர்போவும் முழு பூஸ்ட்டை (காற்றழுத்தத்தை) கட்டுவதற்குள் அடுத்த கியர் வந்துவிடும். ஐந்தாவது கியர் ஏற்றத்தில் எஞ்சின் அதன் உச்ச டார்க்கிலேயே பல நொடிகள் நிற்கிறது. குட்டு வெளிப்படுவது அங்கேதான்.

வழுக்கல் என்றால் சூடு. 300 நியூட்டன் மீட்டர் சுமையில் இரு பக்கத்துக்கும் 500 ஆர்பிஎம் வித்தியாசம் இருந்தால், உராய்வில் வெப்பமாகப் போவது ஏறக்குறைய 16 கிலோவாட். 2 கிலோவாட் வாட்டர் ஹீட்டர் எட்டை அந்தச் சின்ன டப்பாவுக்குள் ஒன்றாகப் போட்ட மாதிரி. சாதாரண ஆர்கானிக் பிளேட்டில் எல்லாவற்றையும் பிணைத்து வைத்திருப்பது ரெசின். அந்தச் சூட்டில் ரெசின் சிதைந்து பிளேட்டின் முகம் பளபளப்பாகும், குணகம் இறங்கும், இன்னும் வழுக்கும், இன்னும் சூடேறும்.

சரி, நான்கில் எதைக் கூட்டலாம்? ஆரத்தை அதிகம் தொட முடியாது. கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்குள் இடமில்லை. எல்லோரும் முதலில் கை வைப்பது பிரஷர் பிளேட்டுக்கு விசை கொடுக்கும் ஸ்பிரிங்கில். விசையை 25 சதவீதம் கூட்டினால் பிடிமானமும் 25 சதவீதம் கூடி 425-க்கு வந்துவிடும். விலையைக் கொடுப்பது இடது கால். பெடல் கனக்கும், மிதிக்கும்போது அந்த ஸ்பிரிங்கைத் தள்ளும் ரிலீஸ் பேரிங் சீக்கிரம் தேயும், ஒவ்வொரு மிதியிலும் கிராங்க் ஷாஃப்ட்டைத் தாங்கும் த்ரஸ்ட் பேரிங் மீது கூடுதல் பளு ஏறும். பெருங்களத்தூரில் மாலை ஏழு மணிக்குச் சிக்கிய ஒருவர் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மிதிப்பார் என்று எண்ணிப் பாருங்கள். 25 சதவீதம் தாங்கும். அதற்கு மேல் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்தது குணகம், அதாவது பொருள். இங்கே ஒரு குழப்பம் வழக்கமாக வரும். ரேஸ் கிளட்ச் பிளேட்டில் முழு வளையம் இருக்காது. ஆறு துண்டுகள்தான் ஒட்டியிருக்கும். பரப்பு குறைந்தால் பிடி எப்படிக் கூடும்? மேலே உள்ள நான்கு எண்களில் பரப்பு இல்லவே இல்லை என்பதுதான் பதில். உராய்வு விசை தொடும் பரப்பைப் பொறுத்ததல்ல என்று பிரான்ஸின் அமோன்டன் 1699-லேயே சொல்லிவிட்டார். பரப்பைக் குறைத்தால் அதே ஸ்பிரிங் விசை மிச்சமுள்ள துண்டுகள்மேல் விழுகிறது, அவ்வளவுதான். பரப்பு கணக்கில் வருவது தேய்மானத்திலும் சூட்டைப் பரப்புவதிலும். அந்த ஆறு துண்டு அதிகம் பிடிப்பதற்குக் காரணம், உலோகத் தூளையும் செராமிக்கையும் சேர்த்துச் சுட்ட அந்தப் பொருள். ஆர்கானிக் கைவிடும் சூட்டிலும் அது பிடியை விடாது.

அப்படியானால் அதையே போட்டுவிடலாமே என்றால், கிளட்ச்சுக்கு இன்னொரு வேலையும் உண்டு: ஒழுங்காக வழுக்குவது. நின்ற இடத்திலிருந்து கார் நகர வேண்டுமானால் சில நொடிகள் அது வழுக்கியே ஆக வேண்டும். வழுக்கும் வேகம் கூடும்போது உராய்வு குறைகிற பொருளாக இருந்தால், பிளேட் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து, கார் முழுக்க உதறும். செராமிக்கிடம் இந்தக் குணம் தூக்கல். சாதாரண பிளேட்டின் இரு முகங்களுக்கு நடுவே அலை அலையாக வளைத்த மெல்லிய எஃகுத் தகடு இருக்கும். அது ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் அமுங்கும், ஆனால் பிடி படிப்படியாக ஏறுவது அதனால்தான். ரேஸ் பிளேட்டுகள் பலவற்றில் அது கிடையாது. காலை எடுத்தால் ஒன்று பிடிக்கும், இல்லை பிடிக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில், முன்னால் பஸ் நிற்க, ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக நகர்த்த அது உதவாது.

கெவ்லார் என்ற உறுதியான செயற்கை இழை கலந்த பிளேட் நடுவழி. நெடுநாள் உழைக்கும், ஃப்ளைவீலைச் சுரண்டாது. ஆனால் ஒருமுறை கடுமையாகக் கருகினால் பழைய பிடி திரும்புவது கஷ்டம்.

நான்காவது எண், முகங்கள். இரட்டை பிளேட் போட்டால் முகங்கள் நான்காகும். அதே ஸ்பிரிங், அதே ஆர்கானிக், பிடிமானம் மட்டும் 680. பெடலும் மெத்தென்றே இருக்கும். இயற்பியல் ரீதியாக இதைவிட நேர்த்தியான தீர்வு கிடையாது. விலையைக் கேட்டால்தான் நெஞ்சு வலிக்கும்.

300 முதல் 350 நியூட்டன் மீட்டர் கொடுக்கும், தினமும் ஆபீஸுக்குப் போகும் காருக்கு என் தேர்வு: கொஞ்சம் கடினமான பிரஷர் பிளேட், முழு வளைய ஆர்கானிக் அல்லது கெவ்லார் பிளேட், நடுவில் ஸ்பிரிங் வைத்த ஹப். துண்டு பிளேட், கோவை கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு. எதை வாங்கினாலும், எஞ்சின் டார்க்கைவிட 20 முதல் 30 சதவீதம் அதிகம் தாங்குமா என்று பாருங்கள். டார்க்கை அளக்கும் டைனோ இயந்திரத்தின் ரிப்போர்ட்டில் இருப்பது வீலில் அளந்த டார்க்கா, எஞ்சினுடையதா என்பதையும் கேளுங்கள். வீல் எண் எப்போதும் குறைவாகவே இருக்கும். அதை வைத்து வாங்கினால் மார்ஜின் காணாமல் போகும்.

டீசல் கார்களில் பலவற்றில் ஃப்ளைவீலே இரண்டு பாகமாக, நடுவில் நீண்ட ஸ்பிரிங்குகளுடன் இருக்கும். குறைந்த ஆர்பிஎம்மில் டார்க் அடித்து ஏறினால் அந்த ஸ்பிரிங்குகள் முழுக்க அமுங்கி முட்டும். ஒற்றை ஃப்ளைவீலுக்கு மாற்றினால் அந்தத் தொல்லை இல்லை. பதிலுக்கு ஐடிலிங்கில் கியர்பாக்ஸ் கடகடவென்று சத்தம் போடும். கிளட்ச்சை மிதித்ததும் சத்தம் நின்றால், பயப்பட வேண்டாம்.

கியர்பாக்ஸை இறக்கியிருக்கும்போதே கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கசியும் எண்ணெய் புது பிளேட்டில் பட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். ஃப்ளைவீல் முகத்தை லேத்தில் சீவி, ரிலீஸ் பேரிங்கையும் புதிதாகப் போட்டுவிடுவது நல்லது. அதற்காக மட்டும் இன்னொரு முறை கியர்பாக்ஸை இறக்கினால் கூலிதான் அதிகம். வண்டி கைக்கு வந்ததும் முதல் 800 கிலோமீட்டர் ஊருக்குள்ளேயே, நின்று நின்று, மெதுவாக ஓட்டுங்கள். புது பிளேட்டின் மேடு பள்ளமெல்லாம் தேய்ந்து ஃப்ளைவீலோடு முழுதாகப் படிந்தால்தான் கணக்கில் போட்ட அந்த 0.3 கிடைக்கும். அதற்கு முன் ஹைவேயில் முழு பூஸ்ட் கொடுத்தால், தொடுகிற சில இடங்கள் மட்டும் கருகி, புது கிளட்ச் முதல் வாரமே பழைய கிளட்ச் ஆகிவிடும்.