கல்வித் தொழில்நுட்பமா, தொழில்நுட்பக் கல்வியா?

போன கிழமை திருகோணமலையில் திருஞானசம்பந்தர் வீதியில் ஒரு சலூனில் முடி வெட்ட உட்கார்ந்திருந்தேன். பாதியில் கத்தரிக்கோலை நிறுத்திவிட்டு அண்ணை கேட்டார்: “தம்பி, தொழில்நுட்பக் கல்லூரியையும் பங்குபோட்டு விக்கப் போறாங்களோ? மகன் அங்கதான் ஏசி திருத்திற கோர்ஸ் படிக்கிறான்.”

பேப்பரை நீட்டினார். ‘தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களின் பங்குகள் சரிவு’ என்று தலைப்பு. உள்ளே இருந்தது அமெரிக்கச் செய்தி. மூலத்தில் ‘எட்டெக்’ (edtech) என்று இருந்திருக்கும், கணினி, இணையம் வழியாகப் படிப்பை விற்கும் தொழில். ‘கல்வித் தொழில்நுட்பம்’ என்று வரவேண்டியதைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள். இந்தப் பிழையை நான் பார்ப்பது எத்தனையாவது தடவையோ!

எஜுகேஷனையும் டெக்னாலஜியையும் வெட்டி ஒட்டிய சொல் அது. டெக்னாலஜியில் உள்ள ‘டெக்னே’ கிரேக்கம், கைவினை என்று பொருள். தொழில்நுட்பத்தின் நுட்பம் ‘நுண்’ணிலிருந்து வந்தது. நம் பாடநூல்கள் ‘தொழினுட்பம்’ என்று புணர்த்தியே எழுதும். வேர்க்கதை இவ்வளவு போதும், கோளாறு சொற்களின் வரிசையில்தான் இருக்கிறது.

இப்படிச் சொற்கள் சேரும்போது பெரும்பாலும் கடைசிச் சொல்தான் பொருள், முன்னால் நிற்பது அது எத்தகையது என்று சொல்லும். மீன்வலை என்றால் வலை. அதைத் திருப்பி வலைமீன் என்று திருக்கடலூர்க் கரையில் கேட்டுப் பாருங்கள், கையில் வேறு சாமான் வரும். தகவல் தொழில்நுட்பத்தைத் தொழில்நுட்பத் தகவல் என்று யாராவது எழுதுகிறார்களா? கல்வி மட்டும் என்ன பாவம் செய்தது?

வார்த்தை மாறினால் செய்தியே கெட்டுப்போகும். வீட்டுப்பாட விடைகளைச் சந்தாவுக்கு விற்கும் செக் என்ற அமெரிக்க நிறுவனம், சாட்ஜிபிடியால் புதிய சந்தாதாரர் வரவு பாதிக்கப்படுகிறது என்று 2023 மே மாதம் சொன்னது. மறுநாளே அதன் பங்கு கிட்டத்தட்டப் பாதி விலைக்கு வந்தது. கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் என்று எழுதினால் காரணம் உடனே விளங்கும். தொழில்நுட்பக் கல்வி என்று எழுதினால், சாட்ஜிபிடி எப்போது வெல்டிங் பழக்கத் தொடங்கியது என்று வாசகர் யோசிப்பார்.

சீனக் கதை இன்னும் மோசம். 2021 ஜூலையில் பள்ளிப் பாட ரியூசன் நிறுவனங்கள் இலாபம் பார்க்கக் கூடாது என்று அரசு தடைபோட்டது. நியூயார்க் பங்குச்சந்தையில் நியூ ஓரியண்டல், டிஏஎல் என்ற சீன ரியூசன் நிறுவனங்களின் பங்குகள் ஒரே நாளில் பாதிக்கு மேல் விழுந்தன. அதே ஆண்டில் அந்த அரசு தொழிற்கல்வியை வளர்க்க வழிகாட்டல் வெளியிட்டது. ‘தொழில்நுட்பக் கல்வி நிறுவனங்களுக்குத் தடை’ என்று எழுதியவர் செய்தியைத் தலைகீழாக நிறுத்திவிட்டார்.

‘எட்டெக்’ என்றே எழுதலாமே என்பார்கள். எழுதலாம், எட்டாவது டெக் எது என்று கேட்க ஆள் வரும். தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘கல்நுட்பம்’ என்றார். அதைக் கேட்டால் கோணேசர் மலையில் சிற்பி வேலை செய்வதுதான் எனக்குத் தோன்றுகிறது. கல்வித் தொழில்நுட்பம் நீளம்தான், ஆசிரியர் பயிற்சியில் ஒரு பாடத்தின் பெயராகவும் இருக்கிறது. இருக்கட்டும், கூட ‘நிறுவனம்’ வந்தால் குழப்பம் இல்லை. அவ்வளவையும் எழுதச் சோம்பலா? ‘இணையவழிக் கற்பித்தல் நிறுவனம்’ என்று விரித்தே எழுதுங்கள். அது இன்னும் நீளம் என்பது எனக்கும் தெரியும்.

சலூனில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன். மகனின் கல்லூரிக்கு ஒன்றுமில்லை என்றதும் அண்ணைக்கு நிம்மதி. திரும்பப் பேப்பரைப் பார்த்தார். “அப்ப இதென்ன தம்பி, ‘பங்குகளின் செயலாற்றுகை பலவீனமடைந்தது’ எண்டு?”

“விலை இறங்கிட்டுதாம், அண்ணை.”

“அதை அப்பிடியே எழுதினால் என்ன?” என்றபடி மறுபடி கத்தரிக்கோலை எடுத்தார்.