கேஃபேப் என்பது பொய்ச்சண்டை அன்று

தங்கச்சிமடத்தில் இருக்கும் என் அக்காள் மகன் இராமேசுவரம் விசைப்படகு ஒன்றில் வேலை பார்க்கிறான். திங்கட்கிழமை காலை கடலுக்குப் போகும் படகு செவ்வாய் காலை கரை திரும்பும். மீனை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து, குளித்து, கஞ்சி குடித்து முடித்தபின்னும் தூங்கப் போகமாட்டான். கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு, டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்த நிறுவனத்தின் ‘ரா’ நிகழ்ச்சியைப் பார்ப்பான். அமெரிக்காவில் திங்கள் இரவு நடப்பது நமக்குச் செவ்வாய் விடியலில் வந்துவிடுகிறது. 1993 ஜனவரியில் தொடங்கிய அந்த வாராந்திர நிகழ்ச்சி அவனைவிட வயதில் மூத்தது.

அண்மையில் ஒரு செவ்வாய்க்கிழமை நானும் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நிகழ்ச்சி முடிந்ததும் அதைப் பற்றித் தமிழில் வந்திருந்த ஒரு கட்டுரையைத் திறந்து என்னிடம் நீட்டினான். “மாமா, இதைப் படித்துப் பாருங்கள். இப்படி எழுதுவது சரியா?” என்றான். மேடை வேடத்தை வெளியிலும் கலைக்காமல் காக்கும் மல்யுத்தக்காரர் கட்டுப்பாட்டைக் குறிக்கும் கேஃபேப் என்ற சொல் வரவேண்டிய இடமெல்லாம் ‘பொய்ச்சண்டை’ என்று போட்டிருந்தார்கள். ஓரிடத்தில் ‘பொய்ச்சண்டையைக் கடைப்பிடித்தார்’. இன்னோரிடத்தில் ‘பொய்ச்சண்டையை உடைத்தார்’. இந்தப் பெயர்ப்பை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். எழுத்திலும் வருகிறது, பேச்சிலும் வருகிறது, யாரும் மறுப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் சொல்லின் வரலாறு. கேஃபேப் என்பது அமெரிக்கத் தொழில்முறை மல்யுத்தக்காரர்களின் குழூஉக்குறி. பொற்கொல்லர் தமக்குள் பொன்னைப் ‘பறி’ என்று சொல்வதாக நம் இலக்கண நூல்கள் எடுத்துக்காட்டுகின்றனவே, அதே வகை. ஊர் ஊராகக் கூடாரம் அடித்த அமெரிக்கக் கேளிக்கைக் கூட்டத்தாரின் பேச்சிலிருந்து வந்தது. ‘ஃபேக்’ என்ற ஆங்கிலச் சொல்லை அசை புரட்டி மறைத்துச் சொன்னதே கேஃபேப் ஆனது என்பது பரவலான கருத்து. அந்நியர் யாராவது உடை மாற்றும் அறைக்குள் நுழைந்தால் ‘கேஃபேப்’ என்று ஒருவர் குரல் கொடுப்பார். உடனே மற்றவர்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். பிறப்பு இவ்வளவுதான். ஆனால் ஒரு சொல்லின் பொருளை அது பிறந்த இடத்தில் மட்டும் தேடக்கூடாது, அது செய்கிற வேலையில் தேடவேண்டும்.

அந்த வேலை என்ன? மேடையில் பகைவராக வருபவர்கள் மேடைக்கு வெளியிலும் பகைவராகவே நடந்துகொள்வது. ஒரே உணவகத்தில் சேர்ந்து உண்ணாமல் இருப்பது. ஒரே காரில் போகாமல் இருப்பது. 1987இல் ஜிம் டகனும் அயர்ன் ஷேக்கும் நியூ ஜெர்சியில் ஒரே காரில் போகும்போது போலீசாரிடம் சிக்கினார்கள். அரங்கில் ஒருவரை ஒருவர் கொன்றுவிடுவதைப் போல மோதியவர்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் பயணம் செய்தது ஊருக்கெல்லாம் தெரிந்துபோனது. இருவரையும் நிறுவனம் வெளியேற்றியது. அண்டர்டேக்கர் 1990இல் பிணம் அடக்குபவராக வந்தவர். நெடுங்காலம் பொது இடங்களிலும் அந்த வேடத்திலிருந்து இறங்கவில்லை. 2020இல் விடைபெறும்போதுதான் உள்ளிருக்கும் மனிதரை உலகம் நன்றாகப் பார்த்தது. இந்தக் கட்டுப்பாட்டுக்குப் பெயர்தான் கேஃபேப்.

இப்போது அந்தப் பெயர்ப்பைப் பொருத்திப் பாருங்கள். “அண்டர்டேக்கர் முப்பது ஆண்டுகள் பொய்ச்சண்டை காத்தார்.” இதற்கு ஏதாவது பொருள் இருக்கிறதா? கேஃபேப் என்பது சண்டையின் பெயரே அன்று. சண்டை முடிந்து விளக்கு அணைந்த பிறகு தொடங்கும் ஒழுங்கின் பெயர். ஒழுங்கைக் குறிக்கும் சொல்லுக்கு நிகழ்ச்சியின் பெயரை, அதுவும் வசைப்பெயரை வைத்துவிட்டு, அதையே ‘கடைப்பிடித்தார்’, ‘உடைத்தார்’ என்று எழுதினால் வாசகன் எதைப் புரிந்துகொள்வான்?

பொய் என்ற சொல் நம்மிடம் மெல்லியதன்று. ஏமாற்றும் எண்ணம் அதற்குள் இருக்கிறது. கேட்பவனுக்கு உண்மை தெரியாது, சொல்பவனுக்குத் தெரியும், அதுதான் பொய். அரங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கைப்பேசியில் பார்க்கும் என் மருமகனுக்கும் முடிவு முன்பே தீர்மானிக்கப்பட்டது என்று நன்றாகத் தெரியும். நிறுவனமே 1989இல் நியூ ஜெர்சி மாநிலத்தில், இது கேளிக்கை, விளையாட்டுப் போட்டி அன்று என்று ஒப்புக்கொண்டுவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காகச் செய்த ஒப்புதல் அது. இரு தரப்புக்கும் தெரிந்த ஒன்றில் பொய் எங்கே இருக்கிறது?

எங்கள் கடற்கரையில் பங்குனியிலும் ஆடியிலும் கோயில் திடலில் விடிய விடிய வள்ளி திருமணம் நாடகம் நடக்கிறது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்து வருவார், பபூன் இன்னோர் ஊர். ஒத்திகை கிடையாது. அன்றிரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் சந்திக்கிறார்கள். கதையும் முடிவும் எல்லாருக்கும் தெரியும். நடுவில் வரும் தர்க்கம் அவரவர் திறமை. நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும்போது யார் யாரை மடக்குகிறார்கள் என்று பார்க்கத் திடல் முழுவதும் விழித்திருக்கும். முருகன் வள்ளியைத்தான் மணப்பார் என்று ஐந்து வயதுக் குழந்தைக்கும் தெரியும். அதற்காக யாராவது அதைப் ‘பொய்க்கல்யாணம்’ என்று சொல்லியிருக்கிறார்களா? ஒருவர் சொன்னால் ஊர் சும்மா விடுமா? தொழில்முறை மல்யுத்தமும் இதே கட்டமைப்புதான். முடிவு தெரிந்த இருவர் நடுப்பகுதியைக் களத்தில் கட்டுகிறார்கள், அடுத்த பிடி என்ன என்பதைப் பார்வையாளர் காதில் விழாமல் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுதியான மக்கள் யார்? நாமே இதற்குப் பொய் என்று பெயர் வைப்பது எனக்குத் தாங்க முடியாத வருத்தத்தைத் தருகிறது.

பொய்ச்சண்டைக்காக வாதாடும் ஒரு நண்பர் என்னிடம் பொய்க்கால் குதிரையைக் காட்டினார். “அதில் பொய் இருக்கிறதே, யாரும் கோபப்படவில்லையே” என்றார். நல்ல கேள்விதான், ஆனால் சொல்லைப் பிரித்துப் பார்க்கவேண்டும். அங்கே பொய் என்பது காலுக்கு அடைமொழி. கட்டையால் செய்த கால், அதனால் பொய்க்கால். ஆட்டத்துக்குப் பொய்யாட்டம் என்று பெயரில்லை. கட்டைக்காலில் ஏறி நின்று ஆடுபவர் உண்மையாகவே ஆடுகிறார், தவறினால் உண்மையாகவே விழுகிறார். மல்யுத்தத்தில் அந்த விழுதல் இன்னும் கொடியது. 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்கில் மிக் ஃபோலி என்ற மல்யுத்தக்காரர், களத்தைச் சூழ்ந்த கூண்டின் உச்சியிலிருந்து வீசப்பட்டார். சுமார் பதினாறு அடி உயரம், கீழே மேசை. அது திட்டமிட்ட காட்சி. ஆனால் புவியீர்ப்பு திட்டத்துக்குக் கட்டுப்பட்டதன்று. அந்த உடம்பு பட்ட அடியைப் பொய் என்று எழுதும் கைக்குக் கூச்சம் வரவேண்டும்.

இன்னும் சிலர் ‘போலி மல்யுத்தம்’ என்கிறார்கள். போலி இலக்கணத்தில் அருமையான சொல். அறம் என்பது அறன் என்று வந்தாலும், பந்தல் என்பது பந்தர் என்று வந்தாலும் பொருள் மாறாது. ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து நாணயமாக நின்று வேலை செய்கிறது. அந்தப் பொருளில் யாராவது எடுத்தாண்டிருந்தால் நானே வரவேற்றிருப்பேன். இன்றைய நாளிதழ்களில் போலி என்றால் போலி மருத்துவர், போலி பாஸ்போர்ட், போலி மருந்து. வழக்கில் கெட்டுப்போன சொல்லை இலக்கணத்தின் பெயரால் மீட்டுவிட முடியாது. ‘பாசாங்கு’ என்பது இன்னும் மோசம். அது சோம்பேறியும் கோழையும் செய்வது.

‘ஃபேக்’ என்ற சொல்லுக்கு அமெரிக்காவிலேயே என்ன மரியாதை கிடைத்தது என்று பாருங்கள். 1984 டிசம்பரில் ஜான் ஸ்டாசல் என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர், மல்யுத்தக்காரர் டேவிட் ஷுல்ட்ஸ் முகத்துக்கு நேரே இது ஃபேக் என்று நினைப்பதாகச் சொன்னார். ஷுல்ட்ஸ் காதோடு அறைந்தார், செய்தியாளர் கீழே விழுந்தார், எழுந்தவரை மறுபடி அறைந்தார். வழக்கு நடந்து பெருந்தொகை கொடுத்துத்தான் முடிந்தது. அந்த அறையை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அச்சொல் எவ்வளவு ஆழமாகத் தைக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

சண்டையைக் காட்சியாக நிகழ்த்துவதற்கு நம்மிடம் வசையில்லாத சொல் முன்பே இருக்கிறது. சிலம்பத்தில் போர்ச் சிலம்பம் வேறு, அலங்காரச் சிலம்பம் வேறு. மேடையில் கம்பு சுழற்றுபவரைப் பார்த்துப் பொய்ச் சிலம்பம் என்று எந்த ஆசானும் சொன்னதில்லை. மல்லும் நமக்குப் புதிதன்று. சோழன் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு பொருததைப் புறநானூறு பாடுகிறது. மல்யுத்தம் என்பதைவிட மற்போர் என்பதே எனக்குப் பிடித்த வடிவம். ஆனால் அதற்காகச் சண்டை போடமாட்டேன், மல்யுத்தம் எல்லாருக்கும் புரிகிறது.

சரி, கேஃபேப் என்பதற்கு என்ன சொல்வது? எனக்கு அந்தச் சொல்லைக் கொடுத்தவர் தேவிபட்டினத்தில் இருக்கும் முதியவர் ஒருவர். இளமையில் நாடகங்களில் நாரதர் வேடம் கட்டியவர். மல்யுத்தம் பார்த்ததே இல்லை. நான் விளக்கிச் சொன்னதும் அவர் வியப்படையவில்லை. “விடியும்வரை வேஷம் கலைக்கக் கூடாது, தம்பி. தேநீர் குடிக்கத் திரைக்குப் பின்னால் போனாலும் நாரதராகத்தான் போகவேண்டும். சிறுபிள்ளைகள் எட்டிப் பார்க்கும்” என்றார். அவருடைய அந்தச் சிறுபிள்ளைகளும் உடை மாற்றும் அறைக்குள் நுழையும் அந்நியரும் ஒன்றுதான்.

வேடக்காப்பு. இதுவே என் பரிந்துரை. வேடம் காத்தார், வேடம் கலைத்தார், வேடக்காப்பை மீறினார் என்று எல்லா வினையும் இதிலிருந்து இயல்பாகப் பிறக்கின்றன. காப்பு என்ற சொல்லில் எங்கள் ஊர்களுக்கு இன்னொரு பொருளும் கேட்கும். திருவிழாவுக்குக் காப்புக் கட்டிவிட்டால் அவிழ்க்கும்வரை வெளியூரில் இரவு தங்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். விரதமும் கட்டுப்பாடும் கலந்த அந்தப் பொருள் கேஃபேப்புக்கு அப்படியே பொருந்துகிறது. 1996 மே 19 அன்று நியூயார்க் மேடிசன் சதுக்க அரங்கில் ஷான் மைக்கேல்ஸ், ஸ்காட் ஹால், டிரிபிள் எச், கெவின் நாஷ் நால்வரும் களத்தின் நடுவே கட்டித் தழுவிக்கொண்டார்கள். கதைப்படி இருவர் நல்லவர்கள், இருவர் கெட்டவர்கள். இரண்டு பேர் வேறு நிறுவனத்துக்குப் போகவிருந்ததால் பிரிவுத் தழுவல். அதைத் தமிழில் எழுதும்போது “பொய்ச்சண்டையை உடைத்தார்கள்” என்பதா, “வேடம் கலைத்தார்கள்” என்பதா? இரண்டாவதைக் கேட்டால் கட்டுரையை மேலே படிக்காமலே விளங்கிவிடுகிறது.

வேடம் வடசொல் வழி வந்தது, கோலம் என்று வையுங்கள் என்று தனித்தமிழ் அன்பர்கள் சொல்லக்கூடும். கோலங்காப்பு என்று நானும் எழுதிப் பார்த்தேன். வாசலில் போட்ட மாக்கோலத்தை மிதிக்காமல் காக்கும் காட்சிதான் மனத்தில் வந்தது. தூய்மைக்காகத் தெளிவைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை.

இந்தத் துறையில் மொழிபெயர்ப்பவர்கள் சொல்லைப் பார்த்துச் சொல்லைப் போடுகிறார்கள், காட்சியைப் பார்ப்பதில்லை. அதே கட்டுரையில் ‘குதிகாலாக மாறினார்’ என்றொரு வரி இருந்தது. கெட்டவர் பாத்திரத்தை அங்கே ஹீல் என்பார்கள். அகராதியில் ஹீல் குதிகால், ஆகவே மனிதர் குதிகாலாகிவிட்டார். எழுதியவர் தாம் எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். வில்லன் என்ற சொல் நம் மக்கள் வாயில் நெடுநாளாக இருக்கிறது. ‘வில்லனாக மாறினார்’ என்று எழுத என்ன தடை?

அந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை நான் நேரில் கண்டவன். 2025 மார்ச் 1 அன்று டொராண்டோவில் ஜான் சீனா, தன்னைத் தழுவி நின்ற கோடி ரோட்ஸைத் தாக்கினார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நல்லவராகவே இருந்தவர். நமக்கு அது ஞாயிற்றுக்கிழமை காலை. அக்காள் நண்டுக் குழம்பு வைத்திருந்தாள். மருமகன் தட்டைத் தொடவில்லை. அடுத்த சில செவ்வாய்க்கிழமைகளில் வாராந்திர நிகழ்ச்சியை முகத்தைத் திருப்பிக்கொண்டே பார்த்தான். மார்ச் 17 அன்று பிரசல்சில் சீனா தோன்றிப் பார்வையாளர்களையே குற்றம் சாட்டிப் பேசியபோது எழுந்து வெளியே போய்விட்டான். சற்றுநேரம் கழித்து வலைக்குவியல் மேல் உட்கார்ந்திருந்தவனிடம் போய், எல்லாம் முன்பே எழுதி வைத்ததுதானே என்று கேட்டேன்.

“எழுதி வைத்ததுதான், மாமா. எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவர் அப்படிச் செய்திருக்கக் கூடாது” என்றான்.

இந்த இரண்டு வாக்கியங்களும் ஒரே மூச்சில் வந்தன. பொய்ச்சண்டை என்ற சொல்லுக்கு முதல் வாக்கியம் மட்டுமே தெரியும்.

கட்டுரையை வெளியிட்டவர்களுக்கு அவனே திருத்தம் எழுதினான். பொய்ச்சண்டை வந்த இடத்தில் வேடக்காப்பு, குதிகால் வந்த இடத்தில் வில்லன். எழுத்துப்பிழை பார்த்துக் கொடுத்தது மட்டும் நான். இதுவரை பதில் வரவில்லை. அந்த வரிகள் அப்படியேதான் இருக்கின்றன.