விளையாட்டு உடைக் கடையின் ஒளிரும் ஸ்டேண்ட்: வரையும் முன்பே பார்க்கவேண்டியவை

கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பக்கமோ மிட் வேலியிலோ ஒரு விளையாட்டு உடைக் கடைக்குள் நுழைந்தால், புதிதாக வந்த ஓட்டக் காலணி சுவர் அலமாரியில் இருப்பது அபூர்வம். வாசலுக்கு நேராக, தரையில் தனியே நிற்கும் ஒளிரும் ஸ்டேண்டில்தான் இருக்கும். மாரத்தான் நெருங்கும் வாரங்களிலும் தீபாவளி, ஆண்டிறுதி விற்பனைக் காலத்திலும் இப்படிப்பட்ட ஸ்டேண்டுகளுக்குக் கோலாலம்பூர் பட்டறைகளில் அவசர ஆர்டர்கள் குவிகின்றன.

பழுதென்று திரும்பி வருபவற்றைப் பிரித்துப் பார்த்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான். முதலில் அலமாரியை வரைந்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் படத்துக்குத் தலையாட்டிய பிறகுதான் எல்.இ.டி.யை எங்கே ஒட்டுவது என்ற பேச்சே வருகிறது. அதற்குள் பெட்டியின் ஆழம் 40 மி.மீ. என்று முடிவாகி, எல்.இ.டி.க்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் டிரைவருக்கு இடமில்லாமல், பின்பலகையும் பசைபோட்டு மூடப்பட்டிருக்கும். பொதுமக்கள் தொடுகிற, சாய்கிற, குழந்தைகள் ஏறிப் பார்க்கிற ஒரு மின்சாதனத்தைச் செய்கிறோம் என்ற நினைப்போடு வரையத் தொடங்கினால் இந்தத் தலைவலிகளில் பாதி வராது.

சாயாமல் நிற்கவேண்டும்

ஒரு மாதிரிக் கணக்கு. உயரம் 1.8 மீட்டர், அகலம் 600 மி.மீ., ஆழம் 450 மி.மீ., காலணிகளோடு எடை 45 கிலோ. தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் ஒருவர் முன்பக்கமாக இழுக்கிறார் என்று கொள்வோம். கவிழாமல் பிடித்து நிறுத்துவது எடையும் அடித்தளத்தின் பாதி ஆழமும்தான்: 45 × 9.81 × 0.225 = சுமார் 99 நியூட்டன் மீட்டர். இதை 1.5ஆல் வகுத்தால் 66 நியூட்டன் வரும். ஏழு கிலோவுக்கும் குறைவான இழுப்பு அது! மேல்தட்டைப் பிடித்துத் தொங்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு இது பொருட்டே இல்லை.

அடியில் 20 கிலோ இரும்புத் தகடு வைத்தால் இது 96 நியூட்டன் ஆகும். தகடே இல்லாமல் அடித்தளத்தின் ஆழத்தை மட்டும் 700 மி.மீ. ஆக்கினால் 103 நியூட்டன். இரண்டையும் செய்தால் 149. ஆக, எடை கூட்டுவதைவிட அடியை அகலப்படுத்துவது மலிவு, தூக்கிச் செல்லவும் எளிது. ஆனால் டிசைனர்களுக்கு மெல்லிய அடிதான் பிடிக்கும். அங்கே விட்டுக்கொடுக்க வேண்டாம். 6 மி.மீ. தகட்டை முன்னால் நீட்டி, ஓரத்தைச் சரித்து, தரையின் நிறத்திலேயே பூசினால் கண்ணை உறுத்தாது, காலும் இடறாது.

பட்டறையிலேயே ஒரு சோதனை செய்துவிடலாம். பொருள்களை அடுக்கிய நிலையில் ஸ்டேண்டை நான்கு பக்கமும் 10 டிகிரி சாய்த்துப் பாருங்கள், தானாக நிமிரவேண்டும். கனமான பொருள் எல்லாம் மேலே, கீழ்த்தட்டு காலி என்ற நிலையிலும் ஒருமுறை சோதியுங்கள். கடையில் சனிக்கிழமை மாலை அதுதான் நடக்கும்.

ஒளிக்கு இடம் வேண்டும்

பின்னாலிருந்து விளக்கு எரியும் பின்னொளிப் படத்தில் கோடுகோடாக வெளிச்சம் தெரிவது எங்கும் காணும் குறை. இதற்கு ஓர் எளிய விதி உண்டு: எல்.இ.டி. வரிசைகளுக்கு இடையே எவ்வளவு தூரமோ, எல்.இ.டி.யிலிருந்து படத்துக்கும் குறைந்தது அவ்வளவு ஆழம் வேண்டும். 600 × 1200 மி.மீ. படத்தை எடுத்துக்கொள்வோம். பெட்டியில் 60 மி.மீ. ஆழம்தான் என்றால் 60 மி.மீ.க்கு ஒன்றாக 20 வரிசை, அதாவது 12 மீட்டர் ஸ்டிரிப் (எல்.இ.டி. பதித்த நாடா). மீட்டருக்கு 4.8 வாட் என்றால் 58 வாட். ஆழத்தை 100 மி.மீ. ஆக்கினால் 12 வரிசை, 7.2 மீட்டர், 35 வாட் போதும். கடைக்குள் வைக்கும் படத்துக்கு இந்த வெளிச்சமே தாராளம். ஆக 40 மி.மீ. ஆழத்தைக் கூட்டியதில் ஸ்டிரிப்பும் சூடும் டிரைவரின் அளவும் சேர்ந்து குறைகின்றன. மெல்லிய பெட்டிதான் வேண்டும் என்று பிராண்ட் பிடிவாதம் பிடித்தால், ஒளியை அகலமாக விரிக்கும் லென்ஸ் பொருத்திய எல்.இ.டி. பட்டைகளுக்குப் போகவேண்டும். அதன் விலையை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த 12 வரிசைகளையும் வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கக் கூடாது. ஸ்டிரிப்பில் உள்ள செம்பு மிக மெல்லியது, கடைசி வரிசை மங்கிவிடும். ஓரமாக 0.75 சதுர மி.மீ. வயர் இரண்டை இறக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் அதிலிருந்து தனித்தனியே இணைப்புக் கொடுங்கள். 12 வோல்ட்டைவிட 24 வோல்ட் ஏன் மேல் என்பதும் இங்கேதான் புரியும். அதே வாட்டுக்குப் பாதி மின்னோட்டம்தான் ஓடும், வயரில் இழக்கும் வோல்ட்டும் பாதி, மொத்த வோல்ட்டோடு ஒப்பிட்டால் அந்த இழப்பு 12 வோல்ட்டில் இருந்ததில் கால் பங்குதான். அழுத்திப் பூட்டும் சின்ன பிளாஸ்டிக் கிளிப்புகள் வேலையை வேகப்படுத்தும் என்பது உண்மைதான். ஈரக்காற்றில் அவற்றின் முனைகள் கறுத்து, ஒரு வரிசை மினுக்கத் தொடங்கும். ஈயப்பற்று வையுங்கள்.

ஸ்டிரிப்பை நேராக எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில் ஒட்டுவதும் வேண்டாம். சூட்டுக்குப் போக வழியில்லை. பசை இளகி ஸ்டிரிப் தொங்கும், எல்.இ.டி.யின் நிறமும் மாறும். அலுமினியச் சட்டமோ தகடோ அடியில் இருக்கவேண்டும்.

தட்டுகளுக்கான விளக்கைப் பின்பக்க மூலையில் ஒளித்து வைப்பது வழக்கமாகிவிட்டது. அப்போது காலணியின் முன்பக்கம் நிழலில் போய்விடும். வாடிக்கையாளர் பார்ப்பதே அந்தப் பக்கத்தைத்தான். மேல்தட்டின் முன்விளிம்புக்கு அடியில், 45 டிகிரி உள்நோக்கிச் சாய்ந்த சட்டத்தில் வைத்தால் காலணியின் மூக்கில் வெளிச்சம் விழும், கண்ணிலும் குத்தாது.

துணி ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம்

விளையாட்டு உடைக்கு மட்டுமே உரிய சிக்கல்கள் சில உள்ளன. ஓட்டக்காரர்களின் உடையில் இருக்கும் பிரதிபலிப்புப் பட்டை, தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். மேலிருந்து ஒளி அடித்தால் அது மேலேயே போகும், பார்ப்பவருக்குப் பட்டை வெறும் சாம்பல் நிறம்தான். அதன் பளபளப்பைக் காட்டவேண்டுமானால் கண் உயரத்தில், பார்ப்பவர் நிற்கும் பக்கமிருந்து ஒரு சிறு விளக்கு வேண்டும்.

வெள்ளை ஜெர்சியில் கலந்திருக்கும் வெண்மையூட்டி, புறஊதாவுக்கும் ஊதாவுக்கும்தான் பளிச்சிடும். சாதாரண எல்.இ.டி.யின் நீலம் சுமார் 450 நானோமீட்டர், அது இதற்குப் போதாது. அதனால்தான் வெயிலில் பாலாகத் தெரிந்த சட்டை கடைக்குள் சற்றுப் பழுப்பேறித் தெரிகிறது, துணியில் குறையில்லை. 3000 கெல்வின் மஞ்சள் விளக்கு அதை இன்னும் கெடுக்கும். 4000 கெல்வின் பொருத்தமான நடுவழி. நிறங்களை விளக்கு எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்று சொல்லும் சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். சிவப்புதான் பிராண்டின் நிறம் என்றால் அடர்சிவப்புக்கான ஆர்9 மதிப்பையும் தனியாகக் கேளுங்கள். சி.ஆர்.ஐ. சராசரிக் கணக்கில் ஆர்9 சேர்வதில்லை. 80 என்று எழுதிய விளக்கில்கூடச் சிவப்பு செங்கல் நிறமாகிவிடும்.

கறுப்புப் பாலியெஸ்டர் வெளிச்சத்தை விழுங்கிவிடும். கறுப்பு உடைகளுக்குப் பின்னால் ஒளிரும் பலகை வைத்து, வடிவத்தை விளிம்பால் காட்டுவதே நல்லது.

படத்தை அச்சிடும் கடையில் "பின்னொளிக்கு" என்று சொல்ல மறக்க வேண்டாம். சாதாரண அளவு மை போட்டால் விளக்கு எரியும்போது நிறம் வெளிறும். சரியான விளக்கின் மேல் ஒரு சிறு துண்டை அச்சிட்டுப் பார்த்த பிறகே முழுப் படத்துக்கும் சம்மதம் சொல்லுங்கள். திரையில் பார்த்துச் சம்மதிப்பது வீண் சண்டைக்கு வழி.

மின்சாரம்

படத்துக்கு 35 வாட், மூன்று தட்டுகளுக்கு 16 வாட், மொத்தம் 51. டிரைவரை 80 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதால் 64 வாட் தேவை. கடையில் கிடைக்கும் 75 வாட் வாங்குங்கள். டிரைவரின் உள்ளிருக்கும் கெப்பாசிட்டர்களின் ஆயுள், 10 டிகிரி சூடு ஏற ஏறப் பாதியாகும் என்பது பொதுவான கணக்கு. மூடிய பெட்டிக்குள் அடைத்தால் ஓராண்டில் மினுக்கத் தொடங்குவது இதனால்தான். கீழே ஒரு துளைவரிசை, மேலே ஒரு துளைவரிசை போதும், காற்று தானே ஏறும். டிரைவரைத் தரையோடு வைக்கவும் வேண்டாம். இரவில் மாப் போடும் தண்ணீர் அங்கே வரும். குறைந்தது 150 மி.மீ. உயரத்தில், திருகு கழற்றினால் கைக்கு எட்டும் கதவுக்குப் பின்னால் இருக்கட்டும்.

230 வோல்ட்டில் இந்த ஸ்டேண்ட் எடுப்பது ஏறத்தாழக் கால் ஆம்பியர்தான். ஆனால் மூன்றுமுனை பிளக் பெரும்பாலும் 13 ஆம்பியர் ஃபியூஸோடு வருகிறது. மெல்லிய வயரில் கோளாறு வந்தால் ஃபியூஸ் போகும் முன் வயர் சூடேறும். அதை 3 ஆம்பியர் ஃபியூஸாக மாற்றுவது ஒரு நிமிட வேலை, அதைச் செய்பவர்கள்தான் குறைவு.

உலோகச் சட்டத்துக்கு எர்த் கொடுக்கும்போது பவுடர் பூச்சைச் சுரண்டிவிட்டு, பல்வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். பூச்சு மின்சாரத்தைக் கடத்தாது. திருகு இறுக்கமாக இருந்தும் எர்த் இல்லாத சட்டங்கள் நிறைய. மல்டிமீட்டரால் பிளக்கின் எர்த் முள்ளிலிருந்து சட்டத்தின் மூலை வரை அளந்து பாருங்கள். வயர் உலோகத்தைத் துளைத்து நுழையும் இடத்தில் ரப்பர் வளையமும், இழுத்தால் கழலாத பிடியும் கட்டாயம்.

பிளக்கிலும் எக்ஸ்டென்ஷனிலும் சிரிம் (மலேசியத் தரச்சான்று) முத்திரை இருக்கவேண்டும். எக்ஸ்டென்ஷனில் இன்னொரு எக்ஸ்டென்ஷனைச் செருகக் கூடாது. தரையில் புதிய சாக்கெட் தேவைப்பட்டால் எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற வயர்மேன் செய்யட்டும். சாக்கெட்டே இல்லாத நடுத்தரை என்றால், பின்னொளிப் படத்தை விட்டுவிட்டு, 12 வோல்ட் தட்டு விளக்குகளை மட்டும் பேட்டரியில் ஓட்டலாம். 12.8 வோல்ட், 20 ஆம்பியர் மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 256 வாட் மணி உண்டு. 16 வாட் விளக்கு காலை பத்திலிருந்து இரவு பத்து வரை எரிந்தால் 192. மீதி கையிருப்பாக இருக்கட்டும்.

ஊருக்கு ஏற்ற வேலை

இரவில் ஏர்கோன் நின்றதும் கடைக்குள் ஈரம் ஏறும். எம்.டி.எஃப்.பின் வெட்டிய ஓரங்களை மூடாமல் விட்டால் உப்பும். கால்களில் உயரம் மாற்றக்கூடிய நைலான் திருகுகள் வைத்து 20 மி.மீ. தூக்கிவிடுங்கள். அக்ரிலிக் ஒரு மீட்டர் நீளத்துக்கு 20 டிகிரி சூட்டில் ஏறத்தாழ 1.4 மி.மீ. விரியும். திருகுத் துளையைப் பெரிதாக்காமல் இறுக்கினால் வளைந்து நிற்கும் அல்லது துளையிலிருந்து விரிசல் ஓடும். கோலாலம்பூரின் பிற்பகல் இடியில் டிரைவர்கள் போவதும் புதிதல்ல. திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் தடுப்பானும், கடை மூடியதும் அணைக்கும் டைமரும் விலை அதிகமில்லை.

பேரங்காடிகளில் பொருத்தும் வேலை இரவு பத்துக்குப் பிறகுதான், அதுவும் அனுமதிச் சீட்டோடு. சரக்கு லிஃப்ட்டின் கதவு அளவை வரைபடம் போடும் முன்பே நேரில் அளந்துவிடுங்கள். தீயணைப்புக் குழாய்ச் சுருளையும் வெளியேறும் வழியையும் மறைக்கும் இடத்தில் ஸ்டேண்டை வைக்க யாரும் ஒப்பமாட்டார்கள். படத்துணிக்குத் தீத்தடுப்புச் சான்றிதழையும் கேட்பார்கள்.

கடை ஊழியரிடம் ஒப்படைக்கும்போது ஒரே ஒரு தாள் கொடுங்கள்: தட்டு ஒன்றுக்கு எத்தனை கிலோ, டிரைவர் எந்தக் கதவுக்குப் பின்னால், டைமர் எப்படி மாற்றுவது, ஃபியூஸ் 3 ஆம்பியர். துடைப்பது பற்றி மட்டும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா திரவமும் தின்னரும் அக்ரிலிக்கில் நுண்விரிசல் உண்டாக்கும். லேசான சோப்புத் தண்ணீரும் மைக்ரோஃபைபர் துணியும் மட்டுமே. அந்தத் தாளை மலாயிலும் எழுதுங்கள், துப்புரவு செய்பவர் படிப்பது அதைத்தான்.