பெருமூலக்கூறு என்ற சொல் எப்படி வந்தது?

சிறு அலகுகள் பல கோத்து உருவான மிகப் பெரிய மூலக்கூறை ஆங்கிலத்தில் மேக்ரோமாலிக்யூல் என்பார்கள், தமிழில் பெருமூலக்கூறு. அந்த ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படும். மேக்ரோ கிரேக்கத்திலிருந்து வந்தது: நீண்டது, பெரியது. மாலிக்யூல் வந்த வழி வேறு, லத்தீனில் திரளைக் குறிக்கும் மோலெஸ் என்ற சொல்லோடு சிறுமை விகுதி சேர்ந்து, பிரெஞ்சு வழியாக வந்தது. 'குட்டித் திரள்' என்று வைத்துக்கொள்ளலாம். ஆக மொத்தச் சொல்லுக்கும் நேர்ப்பொருள் 'பெரிய குட்டித் திரள்'.

தமிழில் அந்தச் சிக்கலே இல்லை. மூலம் + கூறு = மூலக்கூறு. ஒரு பொருளின் அடிப்படையான பங்கு என்றுதான் பொருள், சிறியது என்ற குறிப்பு அதில் எங்கும் கிடையாது. அதனால் முன்னால் 'பெரு' சேர்த்தாலும் உறுத்துவதில்லை. மூலம் வடசொல், கூறு தமிழ்ச் சொல், இரண்டும் கலந்திருக்கிறதே என்று சிலர் தயங்கலாம். பள்ளிப் பாடநூல் வழியாகத் தலைமுறைகளாக ஊறிப்போன சொல்லை அதற்காக மாற்ற வேண்டியதில்லை என்பது என் எண்ணம்.

சரி, பெருமூலக்கூறா, பேரளவு மூலக்கூறா? இரண்டுமே வழக்கில் இருக்கின்றன, இரண்டுமே பிழையில்லை. பெருமை என்ற பண்புச்சொல் உயிரெழுத்துக்கு முன் 'பேர்' ஆகும்: பேரரசு, பேராசை. மெய்க்கு முன் மை கெட்டு 'பெரு' என்று நிற்கும்: பெருமழை, பெருமூச்சு. பெருமூச்சு நம் வாயில் எவ்வளவு இயல்பாக வருகிறதோ அதே அமைப்புதான் பெருமூலக்கூறு. ஒரே சொல்லாக நிற்பதால் வேற்றுமை உருபு சேர்க்கவும் சுலபம். ஆனால் 'பேரணு' என்று மட்டும் சுருக்கிவிடக் கூடாது, அணு வேறு, மூலக்கூறு வேறு.

மேக்ரோமாலிக்யூல் என்ற மூலச்சொல்லைப் படைத்தவர் ஜெர்மன் வேதியியலாளர் ஹெர்மன் ஸ்டாடிங்கர், ஆண்டு 1922, ஆராய்ச்சி ரப்பரைப் பற்றியது. அன்றைக்குப் பெரும்பாலான வேதியியலாளர்கள் ரப்பர், மாவுச்சத்து, புரதம் எல்லாம் சின்னச் சின்ன மூலக்கூறுகள் ஏதோ ஒரு ஈர்ப்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் கூட்டம் என்றே நம்பினார்கள். இல்லை, ஆயிரக்கணக்கான அணுக்கள் உண்மையான வேதிப் பிணைப்பால் கோக்கப்பட்ட ஒரே நீண்ட சங்கிலி என்றார் ஸ்டாடிங்கர். பெரிய மூலக்கூறு என்ற யோசனையையே விட்டுவிடுங்கள், ரப்பரை நன்றாகச் சுத்தம் செய்தால் அது படிகமாகிவிடும் என்று நோபல் பரிசு பெற்ற ஹைன்ரிச் வீலாண்டே அவருக்கு அறிவுரை சொன்னார். மூலக்கூறு எடை (ஹைட்ரஜன் அணுவின் எடையை ஏறத்தாழ 1 என்று வைத்துச் சொல்லும் கணக்கு) 5,000-க்கு மேல் போகவே முடியாது என்பது வீலாண்டின் கருத்து. ஸ்டாடிங்கர் விடவில்லை. இதற்கிடையில் ஸ்வீடனில் ஸ்வெட்பெரி என்ற வேதியியலாளர் அதிவேகச் சுழற்சிக் கருவியில் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் புரதத்தைச் சுற்றவிட்டு அதன் எடை அறுபதாயிரத்துக்கும் மேல் என்று காட்டினார். ஸ்டாடிங்கருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1953-இல், அப்போது அவருக்கு வயது 72.

எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு அளவுகோல் வேண்டுமே. தண்ணீர் மூலக்கூறின் எடை 18, குளுக்கோஸ் 180, ஹீமோகுளோபின் சுமார் 64,500. தசையில் இருக்கும் டைட்டின் என்ற புரதம் 30 லட்சத்தைத் தாண்டும். டிஎன்ஏ இன்னும் பெரியது: மனிதனின் முதல் குரோமோசோமில் இருக்கும் டிஎன்ஏ ஒரே மூலக்கூறு, அதை நீட்டிப் பிடிக்க முடிந்தால் எட்டு சென்டிமீட்டருக்கு மேல் வரும். உங்கள் நடுவிரல் நீளத்துக்கு ஒரே ஒரு மூலக்கூறு! 'பெரு' என்ற அடை இங்கே முழுக்கப் பொருந்துகிறது.

உயிருள்ளவற்றின் பெருமூலக்கூறுகள் என்று கார்போஹைட்ரேட், புரதம், கொழுப்பு, நியூக்ளிக் அமிலம் என நான்கைச் சொல்லித்தருவார்கள். அதில் கொழுப்பைச் சேர்ப்பது வசதிக்காகத்தான். நல்லெண்ணெயில் இருக்கும் ஒரு கொழுப்பு மூலக்கூறின் எடை ஆயிரத்தைக்கூட எட்டாது, அதில் ஒரே அலகு திரும்பத் திரும்ப வருவதும் இல்லை. பெருமூலக்கூறு என்றால் சிறு அலகுகள் பல முறை கோத்து உருவானதாக இருக்க வேண்டும் என்பதுதான் வேதியியல் வரையறை, அந்தக் கணக்கில் கொழுப்பு வெளியேதான் நிற்கும்.

அப்புறம், பாலிமர் என்பதும் இதுவும் ஒன்றா என்று கேட்பார்கள். பெரும்பாலும் ஒரே பொருளைத்தான் சுட்டும், ஆனால் பார்க்கும் பக்கம் வேறு. பெருமூலக்கூறு அளவைச் சொல்கிறது, பாலிமர் அடுக்கைச் சொல்கிறது. அதனால்தான் தமிழகப் பாடநூலில் பலபடி, இலங்கையில் பல்பகுதியம். கிரேக்கத்தில் பாலி என்றால் பல, மெரோஸ் என்றால் பங்கு, நம்முடைய 'கூறு', 'பகுதி' அதேதான்; அந்த வகையில் பல்பகுதியம் மூலச்சொல்லுக்கு நெருக்கமானது.

அடுக்கு எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு வாய் வெறும் சோற்றை, குழம்பு எதுவும் ஊற்றாமல், விழுங்காமல் நன்றாக மென்றுகொண்டே இருங்கள். கொஞ்ச நேரத்தில் லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்துச் சங்கிலியை வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக்குகிறது, நாக்கு அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. இப்போது அதே நெற்பயிரின் வைக்கோலை எடுங்கள். அதில் நிறைந்திருக்கும் செல்லுலோஸும் குளுக்கோஸ் கோத்த சங்கிலிதான், ஆனால் கண்ணிக்குக் கண்ணி பிணைப்பு வேறு வாட்டத்தில் போட்டிருக்கிறது. அந்தப் பிணைப்பை வெட்டும் நொதி நம் உடம்பில் இல்லை, எவ்வளவு நேரம் மென்றாலும் இனிக்காது. மாட்டுக்கும் சொந்தமாக அந்த நொதி கிடையாது, அதன் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிரிகள்தான் வெட்டிக்கொடுக்கின்றன.