பரணில் கிடந்த ராலிக்குப் பெயிண்ட் அடிக்காதீர்கள்

போன வாரம் என் சைக்கிள் கடை வாசலில் ஒரு தம்பி கார் டிக்கியைத் திறந்து ஒரு சைக்கிளை இறக்கினார். வெயிலில் கண் கூசியது. பவுடர் கோட்டிங் போட்ட கறுப்பு. சட்டத்தில் ஸ்டிக்கர் கடையில் வெட்டி ஒட்டிய தங்க நிற ‘ராலி’, பழைய இங்கிலாந்து சைக்கிள் கம்பெனியின் பெயர்.

“தாத்தா வண்டிண்ணே. ஊர்ல மாட்டுக்கொட்டகை மச்சுல முப்பது வருஷமாக் கிடந்துச்சு. எல்லா வேலையும் முடிச்சுட்டேன். எந்த வருஷத்து வண்டின்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அப்புறம், மிதிக்கக் கொஞ்சம் கனமா இருக்கு.”

“முன்னால ஒரு பேட்ஜ் இருந்திருக்குமே, எங்க தம்பி?”

“அது கறுத்துப் போயிருந்துச்சு. பெயிண்ட் கடையில கழட்டிப் போட்டுட்டாங்க.”

இந்த வருடம் இப்படி வந்த ஐந்தாவது வண்டி இது. வருஷத்தைச் சொல்லக்கூடிய எல்லாவற்றையும் காசு கொடுத்து அழித்துவிட்டு, என்ன வருஷம் என்று என்னிடம் கேட்டால் நான் ஜோசியமா பார்ப்பது?

பழைய வண்டியைப் ‘புதுசு போல’ ஆக்குவதுதான் ரெஸ்டோரேஷன் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அது பழைய சட்டத்தின் மேல் ஒரு புது வண்டியைப் போர்த்துவது. பழைய வண்டியின் அசல் கறுப்பு, தொழிற்சாலையில் அடுப்பில் வேகவைத்த எனாமல். எழுபது வருடத்து எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அதை மூடிக் காப்பாற்றி வைத்திருக்கும். பிசுக்கைத் துடைத்தால் அடியில் தங்கக் கோடு தெரியும், எழுத்து தெரியும், சில நேரம் ஊரில் வண்டி விற்ற கடையின் சின்ன முத்திரைகூடத் தெரியும். பின் மட்கார்டிலோ ஹேண்டில்பாரிலோ நகராட்சி சைக்கிள் லைசென்ஸ் பில்லை ஒன்று தொங்கும், வருஷம் அடித்தபடி. அந்த வருஷத்தில் வண்டி அந்த ஊரில் ஓடியது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேறு எது? பெயிண்ட் கடையில் மணல் அடித்தால் அரை மணி நேரத்தில் அத்தனையும் போய்விடும். சட்டத்தில் குத்திய எண்கூட மழுங்கிப்போகும். பிறகு லட்சம் கொடுத்தாலும் அந்தத் தங்கக் கோடு திரும்ப வராது. அங்கங்கே துரு எட்டிப் பார்க்கிற அசல் பெயிண்டுக்கு மதிப்பு அதிகம், தெரிந்தவர்கள் அதைத்தான் தேடி வாங்குவார்கள். ஸ்டிக்கர் ஒட்டின வண்டியை அவர்கள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள்.

சரி, தம்பியின் வண்டிக்கு வருகிறேன். பேட்ஜ் போனாலும் செயின் வீல் பேசும், பெடலோடு சேர்ந்து சுற்றும் அந்தப் பல் சக்கரம். அதில் வெட்டியிருக்கும் உருவத்தைப் பாருங்கள். மூன்று நாரைத் தலை இருந்தால் ராலி. ஐந்து குட்டி மனிதர்கள் கைகோத்து நின்றால் ஹம்பர். விரித்த உள்ளங்கை ரட்ஜ். பி.எஸ்.ஏ.வின் முத்திரை, சாய்ந்து நிற்கும் மூன்று துப்பாக்கி, அது பர்மிங்காமில் துப்பாக்கி செய்த கம்பெனி. ஹம்பரில், முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் போர்க்கில் ஒரு பக்கத்துக்கு இரண்டு குழாய் இருக்கும், அது இன்னும் நல்ல அடையாளம். 1932-இல் ஹம்பரும் 1943-இல் ரட்ஜும் ராலியின் கைக்கு வந்துவிட்டன. அதனால் பிற்கால ஹம்பரில் ராலியின் பாகங்களைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

தம்பியின் வண்டியில் நாரையின் கண்ணும் மூக்கும் பவுடரில் மூழ்கியிருந்தன. மிச்சம் இருந்தது பின் சக்கரத்து ஹப், அதாவது சக்கரத்தின் நடு உருளை. அதையும் விடவில்லை, சில்வர் பெயிண்ட். மண்ணெண்ணெயில் நனைத்த துணியும் மரக்குச்சியுமாக உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் ‘ஸ்டர்மி ஆர்ச்சர்’ என்ற ஹப் கம்பெனியின் பெயர் தெரிந்தது. அப்புறம் ‘ஏ டபிள்யூ’ என்ற மாடல் பெயர். அதற்குப் பக்கத்தில் 52, தள்ளி 11. அதாவது 1952, நவம்பர். இந்த ஹப்பை 1936-இல் கொண்டுவந்தார்கள். இரண்டாம் உலகப் போருக்கு முந்தையதில் 7, 8, 9 என்று ஒற்றை எண்தான் இருக்கும், 1937, 38, 39 என்று படிக்க வேண்டும்.

“தாத்தா சண்டைக் காலத்துல வாங்கினதுன்னு அப்பா சொல்வாரேண்ணே?”

சொல்லியிருக்கலாம். தாத்தா பொய் சொன்னார் என்று நான் எப்படிச் சொல்வேன்? சக்கரத்தை நடுவில் மாற்றியிருக்கலாம். ஹப் எந்த மாதம் செய்யப்பட்டது என்பது மட்டும்தான் அந்த எண்ணில் இருக்கிறது. பேட்ஜும் எழுத்தும் கோடும் இருந்திருந்தால் மூன்றையும் ஒப்பிட்டு முடிவு செய்திருக்கலாம். சட்ட எண்ணை மட்டும் வைத்து வருஷம் சொல்ல முடியாத ராலிகள்தான் அதிகம். எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பி “வருஷம் சொல்லுங்கண்ணே” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஹப்பைத் துடைத்துப் போட்டோ எடுங்கள். நம் ஊரில் பெரும்பாலான வண்டிகள் ஒற்றை கியர், ஹப்பில் தேதி இருக்காது என்பதும் உண்மை. அவற்றுக்குப் பேட்ஜும் பில்லையும் இன்னும் முக்கியம்.

மிதிக்கக் கனமாக இருந்ததற்கும் காரணம் அந்த ஹப்பில்தான். அது மூன்று கியர் ஹப். கியர் ஒயரை யாரோ எப்போதோ வெட்டி எறிந்திருக்கிறார்கள். ஒயர் இல்லாவிட்டால் அது தானாகப் போய் நிற்பது மூன்றாவது கியரில், நடு கியரைப் போல ஒன்றே கால் பங்குக்கும் மேல். தாத்தாவுக்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் மேட்டிலும் எதிர்க்காற்றிலும் டாப் கியரிலேயே மிதித்திருக்கிறார்கள், பாவம்! இந்த ஹப்புக்குக் கிரீஸ் வைக்காதீர்கள். மூடி போட்ட ஒரு துளை இருக்கும், அதில் எஞ்சின் ஆயில் சில சொட்டு விட்டால் போதும். உள்ளே பழைய எண்ணெய் பிசினாகியிருந்தால் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவைத்துச் சுற்றுங்கள். பல ‘செத்துப்போன’ ஹப்புகள் இப்படியே உயிர் பெற்றிருக்கின்றன.

அடுத்ததாக நான் பார்த்ததுதான் எனக்கு உண்மையில் பயம் கொடுத்தது. வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்திப் பார்த்தேன். முன் சக்கரம் சட்டத்துக்குக் கொஞ்சம் நெருக்கமாக நின்றது. கீழ்க் குழாயில், ஹேண்டில்பார் நிற்கும் முன் தலைக்குச் சற்றுப் பின்னால், விரலால் தடவினால் ஒரு மெல்லிய மேடு. எப்போதோ நேராகப் போய் எதன் மேலோ மோதிய வண்டி. அசல் பெயிண்ட் இருந்திருந்தால் அந்த இடத்தில் தோல் சுருங்கியதுபோல் சுருக்கம் விழுந்திருக்கும், துரு கோடு போட்டிருக்கும், தெருமுனையிலிருந்தே சொல்லியிருப்பேன். பவுடர் அதை வழவழவென்று மூடிவிட்டது. அந்தத் தம்பி அதில் தன் ஆறு வயது மகளை முன் பாரில் உட்காரவைத்து ஓட்டி, வீடியோவும் எடுத்திருக்கிறார். என்னிடம் காட்டினார். நான் அதைச் சிரித்துக்கொண்டு பார்க்கும் நிலையில் இல்லை.

அதனால்தான் கெஞ்சிக் கேட்கிறேன். மச்சிலிருந்து இறக்கிய வண்டியில் முதல் நாளே ஏறாதீர்கள். டயரில் கோடு விழுந்திருக்கும். பிரேக் கட்டை கல்லாக இறுகியிருக்கும், குரோம் ரிம்மில் மழை நாளில் அது பிடிக்கவே பிடிக்காது. முன் போர்க்கைக் கழற்றி உள்குழாயைப் பாருங்கள், தண்ணீர் இறங்கி உள்ளிருந்தே அரித்திருக்கும். டயருக்கு அலைய வேண்டாம். 28-க்கு ஒன்றரை அங்குல அளவு இன்றும் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கிறது. ரிம்மும் அப்படித்தான். முன்னால் 32, பின்னால் 40 போக்ஸ் கம்பி என்ற அந்தப் பழைய ஆங்கிலக் கணக்கைத்தான் நாமும் வைத்திருக்கிறோம்.

பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டைக் குரோமில் ஊற்றுகிறவர்களை என்ன சொல்வது? அது துருவோடு குரோமையும் தின்றுவிடும். அலுமினிய ஃபாயிலைக் கசக்கித் தண்ணீரில் தொட்டுத் தேயுங்கள், போதும். பேட்ஜைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பித்தளை பளிச்சென்று ஆகும், அதன் மேலிருந்த வண்ணம் போய்விடும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை தேய்த்து, குங்குமம் மட்டும் மிஞ்சிய மொட்டைப் பேட்ஜுகள் என் டப்பாவில் நாலைந்து கிடக்கின்றன. சட்டத்தைச் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும், தின்னர் வேண்டாம். உப்புத்தாள் போட்டே ஆக வேண்டுமென்றால் ஈரமாகப் போடுங்கள். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், தூசியைக் குழந்தைகள் சுவாசிக்கக் கூடாது.

மெக்கானிக்குகளுக்கும் இரண்டு வார்த்தை. பெடல் கையான கிராங்கை அச்சோடு இறுக்கும் காட்டர் பின்னைச் சுத்தியலால் நேராக அடிக்காதீர்கள். கிராங்குக்கு அடியில் ஒரு இரும்புக் குழாயை முட்டுக் கொடுத்துவிட்டு அடியுங்கள், அச்சும் கப்பும் தப்பிக்கும். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் செய்த ராலியில் பெடல் அச்சைத் தாங்கும் கப்பின் மரை அங்குலத்துக்கு 26, மற்ற ஆங்கில வண்டிகளில் பொதுவாக 24. இறுக்கமாக இருக்கிறதே என்று ஸ்பானரில் தொங்கினால் சட்டம் காலி. தம்பியின் வண்டியில் அந்த மரைக்குள்ளும் பவுடர், பால்ஸ் ஓடும் கப்பில் மணல். முன் சக்கரத்தில் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோ ஹப் இருந்தால், காந்தத்தை வெறுமனே உருவி எடுக்காதீர்கள். எடுத்த அந்த நிமிடமே அதன் பலம் குறைந்துபோகும், விளக்கு பிறகு மினுக் மினுக்கென்றுதான் எரியும். காய்ந்த தோல் சீட்டைத் தேங்காய் எண்ணெயில் குளிப்பாட்டினால் தொட்டில் மாதிரித் தொய்ந்துவிடும். தோலுக்கென்று விற்கிற மெழுகை அடிப்பக்கம் கொஞ்சமாகத் தடவி, ஒரு வாரம் பொறுங்கள்.

“இங்கிலாந்து வண்டி இல்லையேண்ணே, வெறும் ஹெர்குலிஸ்தான்” என்று சொல்லிக்கொண்டு வருபவர்களும் உண்டு. ஹெர்குலிஸ் செய்த டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் 1949-இல் தொடங்கியது. மேற்கு வங்கத்தில் அசன்சோல் பக்கத்தில், இங்கேயே ராலி செய்த சென்-ராலி இருந்தது. அந்த ஆரம்ப கால வண்டிகளின் சட்டமும் மரையும் அவ்வளவு நேர்த்தி. எடைக்குப் போட்டுவிடாதீர்கள். லட்சத்துக்குப் போகுமா என்று கேட்காதீர்கள், போகாது.

தம்பியின் சட்டம் இப்போது என் கடை உத்தரத்தில் தொங்குகிறது. போர்க்கை மாற்ற வேண்டும். கீழ்க் குழாயை என்ன செய்வது என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. பேட்ஜ் ஒருவேளை பெயிண்ட் கடைக் குப்பையில் கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லி அனுப்பினேன். நேற்றுப் பேசினார். பேட்ஜ் கிடைக்கவில்லையாம். ஆனால் மச்சைத் திரும்பக் கிளறியதில் ஒரு கியர் லீவர் கிடைத்திருக்கிறது, அறுந்த ஒயரோடு. துடைக்காமல் அப்படியே கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.