தீராத வலியோடு மாற்றுத்திறனாளிச் சான்று கேட்கப் போகிறவர்களுக்கு

உடல் இயக்கக் குறைபாட்டை மதிப்பிடுவதற்காக மத்திய அரசு 2018 ஜனவரியில் அறிவித்த நெறிமுறைகளுக்குள், முதுகெலும்பு விறைப்பும் வலியும் உள்ளவர்களுக்காக ஐந்தே வரிகள் கொண்ட ஓர் அட்டவணை இருக்கிறது. வலி இருப்பதாக நோயாளி சொல்கிறார், ஆனால் தசை இறுக்கம் தென்படவில்லை, உடலமைப்பில் காட்டத்தக்க கோளாறும் இல்லை என்றால் குறைபாடு 0 சதவீதம். வலி, விடாத தசை இறுக்கம், விறைப்பு ஆகிய மூன்றும் இருந்து எக்ஸ்ரேயில் லேசான மாற்றமும் தெரிந்தால் 20. அந்த மாற்றம் நடுத்தரமாக இருந்தால் 25. முதுகெலும்பின் ஏதேனும் ஒரு பகுதியில் கடுமையாக இருந்தால் 30. முதுகெலும்பு முழுவதும் அப்படி இருந்தால் 40. அரசின் உதவிகளோ பெரும்பாலும் 40இல்தான் தொடங்குகின்றன. இந்த நெறிமுறைகள் 2024 மார்ச்சில் திருத்தி வெளியிடப்பட்டன.

இது தெரியாமல் என் அக்காவை நான் மூன்று முறை சான்றுக்கான மருத்துவ முகாமுக்கு அழைத்துச் சென்றேன். பதினொரு ஆண்டுகளாக முடக்குவாதத்தோடு வாழும் அவர், தையல் இயந்திரத்தை விற்றுவிட்டு வீட்டில் இருப்பவர். அந்த மூன்று பயணங்களில் நான் கற்றதையும், பின்னர் வேறு சிலரோடு அதே வாசலில் காத்திருந்தபோது பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன். நாங்கள் போன வழியில் இன்னொருவர் வெறுங்கையோடு திரும்பக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சட்டப் பின்னணி சுருக்கமானது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. நாள்பட்ட வலி அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வலியோடு போகிறவர் உடல் இயக்கக் குறைபாடு அல்லது நாள்பட்ட நரம்பியல் பாதிப்பு என்ற வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைய முடியும். 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால்தான் சலுகைகளுக்காகச் சட்டம் வரையறுக்கும் எல்லைக்குள் வருவீர்கள். சான்றும் யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையும் இணையவழியில்தான் தரப்படுகின்றன. 2024 அக்டோபரில் வந்த விதித் திருத்தத்தின்படி 40க்குக் கீழ் இருப்பவருக்கு வெள்ளை, 40 முதல் 80க்குள் இருப்பவருக்கு மஞ்சள், 80உம் அதற்கு மேலும் உள்ளவருக்கு நீலம் என்று அட்டையின் நிறம் மாறுகிறது. வெள்ளை அட்டை கிடைத்ததும் வேலை முடிந்தது என்று மகிழ்ந்து வீடு திரும்பியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த அட்டையைக் கொண்டு ஓய்வூதியம் கேட்க முடியாது என்பதை அவர்களிடம் அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

முதல் முகாமில் எங்களுக்கு நேர்ந்தது இதுதான். அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து இரண்டு பேருந்து மாறிப் போக வேண்டியிருந்ததால், அக்கா வழக்கமான மாத்திரைகளோடு வலி மாத்திரையும் போட்டுக்கொண்டார். அது இல்லாமல் அவரால் பேருந்துப் படியில் கால் வைத்து ஏற முடியாது. முடக்குவாதத்தில் மூட்டு விறைப்பு காலையில் உச்சத்தில் இருக்கும், நேரம் போகப் போகச் சற்றுத் தளரும். ஓ.பி. சீட்டுக்கு ஒரு வரிசை, டோக்கனுக்கு ஒரு வரிசை, கையெழுத்துக்கு ஒரு வரிசை என்று நின்று முடித்து, மருத்துவர் அழைத்தபோது மணி பன்னிரண்டரை. "கையை மூடுங்கம்மா, திறங்கம்மா" என்றார் அவர். அக்காவும் மூடித் திறந்தார். இரண்டு நிமிடத்தில் 25 சதவீதம் என்று எழுதப்பட்டது. அதே கையால் காலை ஏழு மணிக்குச் சொம்பைப் பிடிக்க முடியாது என்பதைச் சொல்ல நாங்கள் வாய் திறப்பதற்குள் அடுத்தவர் பெயரை அழைத்துவிட்டார்கள். மருத்துவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் முன்னால் அன்று எண்பது பேர் நின்றிருந்தார்கள், அவர் கையில் இருந்த படிவம் பெரும்பாலும் மூட்டின் அசைவையும் தசையின் வலுவையுமே கேட்டது.

இதனால் யாரும் மாத்திரையை நிறுத்திவிட்டு முகாமுக்குப் போக வேண்டாம். சில மருந்துகளைத் திடீரென்று விடுவது உயிருக்கே ஆபத்தாக முடியும். அதற்குப் பதிலாக, உங்களுக்குத் தொடர்ந்து சிகிச்சை தரும் மருத்துவரிடம் முகாமுக்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஒரு பக்கக் குறிப்பு எழுதி வாங்குங்கள். நோயின் பெயர், எத்தனை ஆண்டுகளாக இருக்கிறது, எந்தெந்த மூட்டுகள் பாதிக்கப்பட்டுள்ளன, எந்த மூட்டு நிரந்தரமாக மடங்கிப்போயிருக்கிறது, காலை விறைப்பு எத்தனை மணி நேரம் நீடிக்கிறது, என்னென்ன மருந்துகள் என்பவை அதில் இருக்க வேண்டும். "கடும் வலியால் அவதிப்படுகிறார்" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை அங்கே யாரும் மதிப்பதில்லை. ஒரு மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளந்து எழுதிய குறிப்பை மதிக்கிறார்கள். மருத்துவர் முன் உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, இன்று எத்தனை மணிக்கு என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதைச் சொல்லி, அதைக் குறித்துக்கொள்ளும்படி கேளுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் எழுதுகிறார்கள்.

இல்லாததைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம். பொய் சொல்லிப் பயன் பெறுவது சட்டத்தின் 91ஆம் பிரிவின்கீழ் இரண்டு ஆண்டு வரை சிறைக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றம். நடித்துக் காட்டுகிறவர்களால்தான் உண்மையான வலியோடு வருகிறவரையும் சந்தேகத்தோடு பார்க்கும் பழக்கம் அங்கே வளர்ந்திருக்கிறது.

அடுத்த பொறி, ஒரே உறுப்பை மட்டும் காட்டிவிட்டு வருவது. எங்கள் பகுதி விசைத்தறித் தொழிலாளி ஒருவருக்கு முதுகெலும்பு இறுகிப்போகும் வாதநோய் இருக்கிறது. முதுகு வலி என்று சொல்லிப் போனார். முதுகை மட்டும் பார்த்து 30 என்று எழுதி அனுப்பினார்கள். அவருடைய இடுப்பு மூட்டும் இறுகியிருந்தது, ஆனால் அதை அவரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை. நெறிமுறையில் இரண்டு பாதிப்புகளைச் சேர்க்க ஒரு கணக்கு உண்டு. பெரிய எண்ணை 90இலிருந்து கழித்து, வரும் மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி, 90ஆல் வகுத்து, கிடைப்பதைப் பெரிய எண்ணோடு கூட்ட வேண்டும். முதுகுக்கு 30உம் இடுப்புக்கு 20உம் என்றால், 60ஐ 20ஆல் பெருக்கி 90ஆல் வகுக்க 13 சொச்சம் வருகிறது, மொத்தம் 43. இடுப்பையும் பார்க்கும்படி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியது, கேட்காததால் எட்டு மாதம் தள்ளிப்போனது. ஆகவே தலை முதல் கால் வரை எங்கெங்கே அசைவு குறைந்திருக்கிறதோ அத்தனையையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வலியோடு கால் மரத்துப்போதல், பாதம் தொங்குதல், பிடி தளர்தல் ஆகியவை இருந்தால் எலும்பு மருத்துவரோடு நரம்பியல் மருத்துவரும் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். பலவீனத்துக்குப் படிவத்தில் இடமிருக்கிறது.

எல்லாப் படங்களும் இயல்பாக வந்து, அசைவும் குறையாமல், உடல் முழுக்க வலி மட்டும் இருப்பவர்களுக்கு நான் கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இன்றைய நெறிமுறையில் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது பெரும்பாலும் அந்த அட்டவணையின் முதல் வரிதான். இது அநியாயம். அது தெரியாமல் நான்கு முகாம்களுக்கு அலைந்து உடம்பை மேலும் கெடுத்துக்கொள்வதைவிட, தெரிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது.

இனி அலுவலக அலைக்கழிப்பு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போனால் மருத்துவமனைக்குப் போகச் சொல்வார்கள். மருத்துவமனையில் அந்த அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள். முகாம் பல இடங்களில் வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் நடக்கிறது, அந்த நாளிலும் உரிய மருத்துவர் விடுப்பில் இருக்கக்கூடும். வெளியில் எடுத்த ஸ்கேன் செல்லாது, இங்கேயே எடுக்க வேண்டும் என்பார்கள். இங்கே எடுக்கவோ மூன்று வாரம் கழித்துத்தான் தேதி தருவார்கள். இரண்டாம் முறை எங்களைத் திருப்பி அனுப்பியது இந்தக் காரணத்தைச் சொல்லித்தான். நிற்க முடியாதவரிடம் நிற்கும் திறனை மீண்டும் மீண்டும் கேட்கிறது இந்த நடைமுறை. சான்று எதற்காகக் கேட்கப்படுகிறது என்பதையே வரிசையை அமைத்தவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

எனவே புறப்படும் முன் தொலைபேசியில் நாளையும், மருத்துவர் வருகையையும், எந்தப் பிரிவின் ஓ.பி. சீட்டு வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்க உடன் ஒருவர் வரட்டும். வலி உள்ளவர் உட்கார்ந்திருக்கட்டும். இணையத்தில் மனுப் போடும்போது ஆதாரில் உள்ள பெயரும் முகவரியும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும், எந்த மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். குடியிருக்கும் மாவட்டத்தில்தான் கேட்க வேண்டும் என்று பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். நீங்கள் சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையின் உரிய மருத்துவ அதிகாரியிடமும் விண்ணப்பிக்கலாம் என்று விதி சொல்கிறது. உங்கள் பழைய படங்களும் குறிப்புகளும் இருக்கும் இடம் அதுதான் என்பதால், முடிந்தவர்கள் அங்கேயே போவது நல்லது.

மனு எண் இருக்கும் தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 2024 திருத்தம் முடிவெடுக்கும் காலத்தை ஒரு மாதத்திலிருந்து மூன்று மாதமாக நீட்டிவிட்டது. அதைவிட மோசமானது, இரண்டு ஆண்டுகளுக்கு மேல் முடிவில்லாமல் கிடக்கும் மனு செயலிழந்ததாகக் கருதப்பட்டு, மனுதாரர் மீண்டும் முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது. தாமதம் அலுவலகத்துடையதாக இருந்தாலும் அலைச்சல் உங்களுடையதாகிறது. மூன்று மாதம் தாண்டியதும் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் மனு எண்ணைக் குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டதற்குப் பின்னாளில் எந்தச் சாட்சியும் இருக்காது.

மறுத்தாலோ குறைத்துப் போட்டாலோ, காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மறுப்பதற்கான காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்பது விதி. "அடுத்த வருஷம் வந்து பாருங்க" என்று சொல்லி அனுப்புவது பதில் ஆகாது. சட்டத்தின் 59ஆம் பிரிவு மேல்முறையீட்டு உரிமையைத் தருகிறது, அதற்கான காலம் முடிவு வந்த நாளிலிருந்து 90 நாள். அடுத்த வருடம் வரை காத்திருப்பவர் இந்த உரிமையைக் கேளாமலே இழக்கிறார். உங்கள் மாவட்டத்துக்கு மேல்முறையீட்டு அதிகாரி யார் என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள். கூடவே, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் மதிப்பீட்டுத் தாளின் நகலைக் கேளுங்கள். எந்த மூட்டுக்கு என்ன போட்டார்கள், எதைப் பார்க்கவே இல்லை என்பது அதில்தான் தெரியும். தகவல் தர அவர்களுக்கு 30 நாள் உண்டு என்பதால் முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். அக்காவின் தாளில் முழங்கால், கணுக்கால் கட்டங்கள் வெறுமையாக இருந்தன. மேல்முறையீட்டில் நாங்கள் எழுதியது அந்த ஒரு செய்தியை மட்டும்தான். மறுபரிசோதனையில் 45 வந்தது.

அட்டை கிடைத்த பிறகு எங்கே மனுக் கொடுப்பது என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டில் வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம் வேறு, மாற்றுத்திறனாளிகள் நலத் துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை வேறு. ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பெற முடியாது. பராமரிப்பு உதவித்தொகையில், கடுமையாகப் பாதிக்கப்பட்டோர் என்ற பிரிவுக்கு 75 சதவீதம் வேண்டும். மத்திய அரசின் இந்திரா காந்தி பெயரிலான ஓய்வூதியத்துக்கு 80 சதவீதமும் வறுமைக்கோட்டுப் பட்டியலில் பெயரும் வேண்டும். வாதநோயால் 40, 50 சதவீதம் வாங்கியவர் இந்த இரண்டிலும் மனுப் போட்டுத் தள்ளுபடியாகி மனம் உடைகிறார். அவருக்கு உரியது வருவாய்த் துறையின் மாநில ஓய்வூதியம். அது 2023 ஜனவரியில் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. அதற்கு இ-சேவை மையம் வழியாக விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் ஆகியோரின் விசாரணை கடந்து சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம் போகும். "உங்களுக்குத்தான் மகன் இருக்கிறாரே" என்று விசாரணையின்போதே திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டு. மகன் உண்மையில் பணம் அனுப்புகிறாரா, தனிக் குடும்ப அட்டையா, யாருடைய சமையலில் சாப்பிடுகிறீர்கள் என்பதை எழுத்தில் கொடுத்து, தள்ளுபடி செய்வதானால் காரணத்தோடு ஆணை தரும்படி கேளுங்கள்.

கடைசியாக, சான்று கைக்கு வந்ததும் அதில் "நிரந்தரம்" என்றிருக்கிறதா, தேதி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிலை மாறக்கூடிய நோய் என்று மருத்துவர் கருதினால் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டுமே தருகிறார்கள். தேதி கடந்துவிட்டால் அந்தச் சான்றை நம்பி வந்துகொண்டிருக்கும் உதவித்தொகைக்கும் சிக்கல் வரும். மூட்டு நிரந்தரமாக மடங்கிப்போன பின்னும் தற்காலிகம் என்று எழுதியிருந்தால், அந்த இடத்திலேயே காரணம் கேளுங்கள். அக்காவின் சான்று ஐந்து ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அது முடியும் மாதத்துக்கு ஆறு மாதம் முன்னதாகவே மறுமதிப்பீட்டுக்கு மனுப் போட வேண்டும் என்று நாட்காட்டியின் பின்னட்டையில் எழுதி, ஒவ்வோர் ஆண்டும் புது நாட்காட்டிக்கு மாற்றி எழுதி வருகிறோம்.