செமினார்: நாற்றங்காலும் அரங்கும்

இடப்பெயர்வு, வேலையின்மை, சாதி, முதியோர் தனிமை ஆகியவற்றைப் பற்றி வரலாறு, இலக்கியம், சமூகவியல், பொருளியல் துறை ஆய்வாளர்கள் இரண்டு நாள் கூடிப் பேசவிருந்தார்கள். அழைப்பிதழின் தமிழைப் பார்த்துத் தரும்படி என்னிடம் கேட்டார்கள். முகப்பில் ‘கருத்தரங்கு’ என்றிருந்தது. நிகழ்ச்சி நிரலில் அது ‘மாநாடு’ ஆகியிருந்தது. சான்றிதழ் மாதிரியில் ‘ஆய்வரங்கு’. ஏற்பாட்டாளர்களோ பேச்சில் ‘செமினார்’ என்ற சொல்லைத் தவிர வேறெதையும் சொல்லவில்லை. ஒரே நிகழ்வுக்கு நான்கு பெயர்கள். எது சரி என்று பார்க்கப் போய், ‘செமினார்’ என்ற சொல்லின் வேரைத் தோண்டும் வேலையாக அது வளர்ந்தது.

இலத்தீனில் ‘செமென்’ என்றால் விதை. விதை தூவி நாற்று வளர்க்கும் இடம் ‘செமினாரியும்’. நம் நாற்றங்கால்தான் அது. சமயமோ கல்வியோ அந்தச் சொல்லைத் தொடுவதற்கு வெகுகாலம் முன்பே அது உழவர் வழக்கில் இருந்தது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானியர் காட்டோ, வேளாண்மை பற்றி எழுதிய நூலில் நாற்றங்கால் அமைக்கும் முறையைச் சொல்கிறார். திறந்த வெளியாகவும் நன்கு எருவிட்டதாகவும் உள்ள நல்ல நிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மண், கன்றுகளைப் பிறகு எங்கே நடப்போகிறோமோ அந்த மண்ணை இயன்றவரை ஒத்திருக்க வேண்டும். கன்றுகளை வெகுதொலைவு சுமந்துபோகும்படியும் இருக்கக் கூடாது. மண் ஒப்புமை, தொலைவு என்ற இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தச் சொல்லைப் பற்றி நான் சொல்ல வருவதெல்லாம் இவற்றில்தான் வந்து நிற்கிறது.

உழவிலிருந்து சொல் சமயத்துக்குப் போனது. 1563இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்துப் பொதுச்சங்கம், மறைமாவட்டந்தோறும் இளைஞர்களைக் குருக்களாகப் பயிற்றும் கல்லூரி அமைய வேண்டும் என்று ஆணையிட்டபோது, அதை இறைப்பணியாளர்களின் நிலையான நாற்றங்கால் என்று குறித்தது. தமிழில் குருமடம் என்கிறோமே, அதுதான் ‘செமினரி’. குருமடம் நல்ல தமிழ்ச்சொல். ஆனால் அதில் விதையின் வாடை இல்லை.

பல்கலைக்கழகத்துக்குள் சொல் வந்தது ஜெர்மனியில். கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் யோகான் மத்தியாஸ் கெஸ்னர் 1730களின் இறுதியில் மொழிநூல் செமினாரைத் தொடங்கினார். 1787இல் ஹாலேயில் பிரீட்ரிக் ஆகஸ்ட் வொல்ஃப் அதேபோல் ஒன்றை நிறுவினார். அதுவரை பல்கலைக்கழகம் என்றால் பெரும்பாலும் விரிவுரை: ஆசிரியர் சொல்வார், மாணவர் குறித்துக்கொள்வார். செமினாரில் மாணவரே ஒரு மூலப் பனுவலை எடுத்து, படித்து, தன் விளக்கத்தை எழுதிக்கொண்டு வர வேண்டும். மற்றவர்கள் அதைக் கேள்விகளால் துளைப்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் லியோபோல்ட் ராங்கே வரலாற்று மாணவர்களை ஆவணங்களோடு இப்படித்தான் உட்காரவைத்துப் பழக்கினார். அங்கே கொண்டுவரப்படுவது முடிந்த நூல் அல்ல, முளைவிட்ட நாற்று. அது பிழைக்குமா, எங்கே சாய்ந்திருக்கிறது என்று பலர் பார்த்துச் சொல்லும் இடம் செமினார்.

சமூக அறிவியலுக்கு இந்த வழக்கம் வந்த கதைதான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. 1862இல், ஜெர்மன் அரசுகளுள் ஒன்றான பிரஷ்யாவின் புள்ளியியல் அலுவலகத்தில் எர்ன்ஸ்ட் எங்கல் ஒரு புள்ளியியல் செமினார் தொடங்கினார். ஆலைத் தொழில் பெருகி, உழைப்பாளர் குடும்பங்களின் வாழ்வு நொறுங்கிக்கொண்டிருந்த காலம் அது. ‘சமூகக் கேள்வி’ என்றே அந்த நெருக்கடிக்கு ஜெர்மனியில் பெயர். அதை விவாதிக்க ஆய்வாளர்கள் 1872இல் ஐசனாக் நகரில் கூடினார்கள். அடுத்த ஆண்டு சமூகக் கொள்கைக்கான சங்கம் முறையாக அமைந்தது. கூடிப் பேசுவதோடு நில்லாமல் களத் தகவல் திரட்டுவதையும் அந்தச் சங்கம் தன் வேலையாக்கிக்கொண்டது.

அந்தச் சங்கம் எல்பே ஆற்றுக்குக் கிழக்கே வாழ்ந்த பண்ணைத் தொழிலாளர்களின் நிலை பற்றித் திரட்டிய தகவல்களை ஆராய்ந்து, சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் 1892இல் ஒரு பெரிய அறிக்கை எழுதினார். அதில் ஒரு பெருங்குறை இருந்தது. தொழிலாளர் எப்படி வாழ்கிறார்கள் என்ற வினாத்தாள்கள் நிலவுடைமையாளர்களுக்கே அனுப்பப்பட்டிருந்தன. உழைப்பவரின் பசியைப் பற்றி, கூலி கொடுப்பவரிடம் கேட்டிருக்கிறார்கள். இந்தக் குறையை வேபரே உணர்ந்தார். விரைவிலேயே இறையியலாளர் பால் கோரேவோடு சேர்ந்து, ஊர்ப்புறப் பாதிரிமார்கள் வழியாக இன்னொரு தகவல் திரட்டை மேற்கொண்டார். அதுவும் நேரே தொழிலாளரிடம் போய்விடவில்லை. ஆனாலும் மண்ணுக்கு ஓரடி கிட்டே வந்தது.

காட்டோ சொன்னது இங்கேதான் எனக்குக் கேட்கிறது. நடப்போகும் மண்ணை ஒத்த மண்ணில் நாற்றை வளர்க்க வேண்டும். வீடிழந்தவர்களைப் பற்றிய ஆய்வு, வீடிழந்தவர் ஒருவரும் காலெடுத்து வைக்காத அறையிலேயே முளைத்து, அங்கேயே அறுவடையாகிவிட்டால், அந்த நாற்றுக்கும் அது வேர்பிடிக்க வேண்டிய நிலத்துக்கும் தொடர்பில்லை.

இதே அவையில் கூடவே புழங்கும் வேறு சில சொற்களும் உண்டு. ‘சிம்போசியம்’ கிரேக்கச் சொல். கூடிக் குடித்தல் என்று பொருள். விருந்து முடிந்ததும் மது அருந்தியபடி, ஒரு பொருளை எடுத்து ஒருவர் பின் ஒருவராகப் பேசும் வழக்கத்திலிருந்து பிறந்தது. ‘கொலோக்கியம்’ கூடிப் பேசுதல். ‘கான்ஃபரன்ஸ்’ என்பதன் இலத்தீன் வேருக்கு ஒன்றுசேர்த்து ஒப்பிடுதல் என்று பொருள். ‘காங்கிரஸ்’ சேர்ந்து நடந்துவருதல். இவற்றுள் எதிலும் நாற்றங்காலின் பொறுமை இல்லை.

இனி நம் சொற்கள். கூடி வாதிடும் இடத்துக்குத் தமிழில் மிகப் பழைய பெயர் ‘பட்டிமண்டபம்’. சிலப்பதிகாரத்தில் மகத மன்னன் கொடுத்த பட்டிமண்டபம் வருகிறது. மணிமேகலையில், விழா அறிவிக்கும் முரசறைவோன் இப்படிச் சொல்கிறான்:

ஒட்டிய சமயத்து உறுபொருள் வாதிகள்
பட்டிமண்டபத்துப் பாங்கறிந்து ஏறுமின்
பற்றா மாக்கள் தம்முடன் ஆயினும்
செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்

வாதிடும் முறையறிந்து ஏறுங்கள், பகைவரோடு என்றாலும் சினமும் பூசலும் வேண்டாம், விலகிப்போங்கள் என்கிறான். சமூகச் சிக்கலைப் பேசும் எந்த அவையின் வாயிலிலும் எழுதிவைக்கத் தக்க வரிகள். இன்று ‘பட்டிமன்றம்’ என்பது இரண்டு அணி, ஒரு நடுவர், கைதட்டல் என்ற பொருளுக்கு மாறிவிட்டது. ஆய்வாளர் கூட்டத்துக்கு அதைத் திருப்பி இழுக்க முடியாது.

இன்னொரு பழஞ்சொல் ‘கோட்டி’. கற்றோர் கூடிப் பேசும் அவை என்று பொருள். வடமொழி ‘கோஷ்டி’யின் தமிழ் வடிவம் இது. அந்த வடசொல்லும் மாட்டுத் தொழுவத்தைக் குறிக்கும் ‘கோஷ்ட’ என்பதிலிருந்து வந்தது. இலத்தீனில் நாற்றங்கால், வடமொழியில் தொழுவம்: கற்றோர் அவைக்கான இரண்டு பெயர்களுமே உழவர் வீட்டிலிருந்து வந்தவை என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தந்தது. ஆனால் கோட்டியையும் மீட்க வழியில்லை. ‘கோஷ்டி’ இன்று ‘கோஷ்டிப் பூசல்’ என்று கட்சிப் பிளவைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. தென்மாவட்டப் பேச்சில் ‘கோட்டி’ என்றால் பித்து.

குறளில் இந்தச் சொல் வரும் ஓரிடம் என்னை நிறுத்தியது. தம் கணத்தார் அல்லாதவர் முன் கோட்டி கொள்வது சாக்கடையில் கொட்டிய அமுதம் போன்றது என்கிறது 720ஆம் குறள். ஒத்த அறிவில்லாதவரிடம் பேசிப் பயனில்லை என்பது அதன் பொருள். சமூக அறிவியலாளர்கள் இதைத் தம் வட்டத்துக்குள்ளேயே பேசிக்கொள்வதற்கான அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. துப்புரவுப் பணியைப் பற்றி ஆராய்கிறவருக்குத் ‘தம் கணத்தார்’ யார்? அந்தப் பணியை நாள்தோறும் செய்பவரைவிட அதை அறிந்தவர் யாரும் இல்லை. அவரே அந்தக் கணத்தின் முதல் ஆள்.

‘கருத்தரங்கு’ புதுச்சொல். கருதுவது கருத்து. அதற்கான அரங்கு கருத்தரங்கு. ‘கருத்தரங்கம்’ என்றும் எழுதுவார்கள், பிழையில்லை. சிக்கல் ‘அரங்கு’ என்ற பாதியில்தான். அரங்கு என்றதும் நமக்கு மேடை நினைவுக்கு வருகிறது. அரங்கேற்றம் நினைவுக்கு வருகிறது. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறத் தெரிவித்து அந்நூல் வெளிப்பட்டதாகச் சொல்கிறது. அது உயர்ந்த மரபு. ஆனால் அங்கே அவைக்கு வருவது எழுதி முடித்த நூல். செமினார் என்ற சொல் தமிழுக்குள் நுழைந்தபோது இந்த அரங்கேற்ற நினைவுக்குள் விழுந்துவிட்டது என்றே நினைக்கிறேன். அதனால்தான் ‘கட்டுரை வாசித்தார்’ என்கிறோம். ‘கட்டுரையை விவாதத்துக்கு வைத்தார்’ என்று சொல்வதில்லை. பத்து நிமிட வாசிப்பு, மணியோசை, அடுத்தவர். கேள்விக்கு நேரமில்லை. நாற்று, வேர் காணுமுன் நெல்லாக அளக்கப்படுகிறது. தன் கட்டுரையின் பெரிய ஓட்டை எதுவென்று யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்துவிட்டு, பாராட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெறுமையோடு திரும்பிய இளம் ஆய்வாளர்களை நான் அறிவேன். நானும் ஒருமுறை அப்படித் திரும்பியிருக்கிறேன்.

ஆனால் அரங்குக்கு மேடையல்லாத பழைய பொருள் ஒன்றும் உண்டு. 401ஆம் குறள்:

அரங்கின்றி வட்டாடி யற்றே நிரம்பிய
நூலின்றிக் கோட்டி கொளல்

இங்கே அரங்கு என்பது மேடையன்று. வட்டாடுவதற்குத் தரையில் வரைந்துகொள்ளும் கட்டங்கள். கட்டம் கீறாமல் காய் உருட்டுவது எப்படியோ, அப்படித்தான் நிறைந்த நூலறிவு இல்லாமல் அவையில் பேசுவதும். இந்த அரங்கில் பார்வையாளர் என்று தனியே எவரும் வேண்டாம். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆடுகிறவர்கள். எல்லாரும் ஒரே தரையில் இருக்கிறார்கள், ஒரே கோடுகளுக்குக் கட்டுப்படுகிறார்கள். கோட்டிங்கனின் செமினார் மேசைக்கு இதைவிட நெருக்கமான தமிழ்ப் படிமம் எனக்குத் தெரியவில்லை. சொல் நம்மிடமே இருக்கிறது. அதன் மேடைப் பொருளை இறக்கிவைத்துவிட்டுக் கட்டப் பொருளை எடுத்துக்கொண்டால் போதும்.

‘மாநாடு’ பெருங்கூட்டத்துக்கு உரியது. 1966இல் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டின் ஆங்கிலப் பெயரில் ‘கான்ஃபரன்ஸ் செமினார்’ என்று இரண்டு சொற்களும் சேர்ந்தே இருந்தன. தமிழ் வழக்கில் மாநாடு நிலைத்தது, செமினார் உதிர்ந்தது. ஒரு சொல் உதிர்ந்தால் அது சுட்டிய செயலும் கண்ணுக்கு மங்குகிறது.

கூட்டத்தின் பெயரைப் போலவே கூடுகிறவர்களின் பெயரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. ‘ஹியூமானிட்டீஸ்’ என்பதை ‘மானுடவியல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். மானுடவியல் தனியொரு துறை. மனித இனங்களையும் பண்பாடுகளையும் ஆராய்வது. மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல், கலை எல்லாம் சேர்ந்த தொகுதிக்கு ‘மானுடப் புலங்கள்’ என்பது பொருந்தும். அதேபோல் ‘சமூகவியல்’ ஒரு துறை, ‘சமூக அறிவியல்’ பல துறைகளின் தொகுதி.

என் தீர்ப்பு இது. செமினாருக்கு ‘ஆய்வரங்கு’. பலர் ஒரு பொருள்மேல் உரை நிகழ்த்தும் சிம்போசியத்துக்குக் ‘கருத்தரங்கு’. பெருங்கூட்டத்துக்கு ‘மாநாடு’. செய்து பழகும் இடத்துக்குப் ‘பயிலரங்கு’. ‘ஆய்வு நாற்றங்கால்’ என்று வேரை அப்படியே பெயர்த்துவிடலாமே என்ற ஆசை எனக்கும் வந்தது. விட்டுவிட்டேன். எல்லார் நாவிலும் ஏற்கெனவே புழங்கும் சொல்லைத் தள்ளிவிட்டு அழகுக்காகப் புதிதொன்றைத் திணித்தால் அது அகராதியைத் தாண்டாது. ‘செமினார்’ என்று தமிழெழுத்தில் எழுதுவதும் குற்றமில்லை. குற்றம், நான்கு வகைக் கூட்டங்களையும் ஒரே பெயரால் அழைத்து, நான்கையும் ஒரே மாதிரி நடத்துவது.

அந்த அழைப்பிதழின் முகப்பிலும் நிரலிலும் ‘ஆய்வரங்கு’ என்று திருத்தினேன். ‘கட்டுரை வாசிப்பு’ என்றிருந்ததைக் ‘கட்டுரையும் விவாதமும்’ ஆக்கினேன். சொல்லை மாற்றியதும் நிரலையும் மாற்ற வேண்டியிருக்கிறதே என்றார் ஏற்பாட்டாளர். அமர்வுக்கு எட்டுக் கட்டுரை என்றிருந்ததை நான்காகக் குறைத்தார். கட்டுரையைப் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம், கேள்விக்கு இருபது நிமிடம் என்று எழுதினார். இடப்பெயர்வு பற்றிய அமர்வில், ஆய்வாளர்களின் பெயர்களுக்கு நடுவே, இடம்பெயர்ந்து வந்து வேலை செய்யும் இருவர் அமர இரண்டு இருக்கைகளையும் சேர்த்தார்.